புதிய ரயில் மெதுவாகப் போகிறது: பணத்தை யாரிடம் கேட்பது?

கேள்வி: என் மகள் கனடாவின் டொராண்டோ நகரில், ஹம்பர் கல்லூரியில் ஜனவரி மாதம் சேர்ந்தாள். வேலூரில் உள்ள ஒரு கல்வி ஆலோசனை நிறுவனம்தான் சேர்க்கையையும் தங்கும் அறையையும் ஏற்பாடு செய்தது. அறை பார்த்துக் கொடுத்ததற்குத் தனியாக 35,000 ரூபாய் வாங்கிக்கொண்டார்கள். "புதிய ஃபிஞ்ச் மேற்கு ரயில் பக்கத்திலேயே நிற்கும், கல்லூரிக்கு அரை மணி நேரம்" என்று வாட்ஸ்அப்பில் எழுதியதை நம்பி, வேறோர் அறையை விட மாதம் 150 டாலர் அதிகம் கொடுத்து இதை எடுத்தோம். ரயிலோ சிக்னலுக்குச் சிக்னல் நிற்கிறது, ஐம்பது நிமிடம் ஆகிறது, பனி கொட்டினால் ஓடுவதே நிச்சயமில்லை என்று மகள் சொல்கிறாள். முதல் மாத வாடகை, கடைசி மாத வாடகை போக, சேதத்துக்கென்று 500 டாலரும் கட்டியிருக்கிறோம். ரயில் நிறுவனம், வீட்டுக்காரர், ஆலோசகர் ஆகியோரில் யாரிடம் பணத்தைத் திரும்பக் கேட்கலாம்? (குடியாத்தத்திலிருந்து ஒரு தந்தை)

பதில்: உங்கள் மகள் சொல்வது மிகையல்ல. அந்த இலகு ரயில் (எடை குறைந்த நகர மின்ரயில்) பாதை 2025 டிசம்பர் 7 அன்று திறக்கப்பட்டது. நீளம் 10.3 கி.மீ., நிறுத்தங்கள் 18. தொடக்க வாரங்களில் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு முக்கால் மணி நேரமும் அதற்கு மேலும் ஆனது. முக்கால் மணி நேரம் என்றே வைத்துக்கொண்டாலும் சராசரி வேகம் மணிக்குச் சுமார் 14 கி.மீ.தான் வருகிறது. வண்டியின் இயந்திரம் இதைவிடப் பல மடங்கு வேகமாக ஓடக்கூடியது. தாமதம் வேறு இடத்தில் நேர்கிறது.

பாதையின் பெரும்பகுதி சாலையின் நடுவே தனித் தண்டவாளத்தில் போகிறது. ஆனால் குறுக்குச் சாலைகளில் மற்ற வாகனங்களைப் போல ரயிலும் சிக்னலுக்குக் கட்டுப்பட வேண்டும். அங்கே வாகனங்கள் சாலையின் வலப்புறம் ஓடுவதால், இடப்புறம் திரும்பும் கார்கள் நடுவிலிருக்கும் தண்டவாளத்தைக் கடந்தாக வேண்டும். ரயில் தொடங்கியபோது அவற்றுக்குத்தான் முதலில் பச்சை விளக்கு எரிந்தது. நூறு பேரை ஏற்றிய ரயில் நாலு கார்கள் திரும்பி முடிக்கும் வரை காத்திருந்தது. நம் வேலூர் கிரீன் சர்க்கிள் சந்திப்பில் டவுன் பஸ் சிக்கிக்கொள்வதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இதோடு ஏறத்தாழ அறுநூறு மீட்டருக்கு ஒரு நிறுத்தம், சந்திப்புகளில் வேகத்தைக் குறைத்து ஓட்டும் வழக்கம், பனிக்காலத்தில் தண்டவாளம் பிரியும் இடங்களில் வரும் கோளாறு எல்லாம் சேர்ந்துகொள்கின்றன. ரயிலுக்குச் சிக்னலில் முன்னுரிமை தர வேண்டும் என்று நகர மன்றம் அந்த டிசம்பரிலேயே தீர்மானம் நிறைவேற்றியது. குறை நகர நிர்வாகத்துக்கே தெரிந்த ஒன்று என்பதற்கு அதுவே போதுமான சான்று.

இனி பணத்துக்கு வருவோம். ரயில் நிறுவனத்திடம் எதுவும் கிடைக்காது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டொராண்டோவைச் சுற்றி ஓடும் 'கோ' புறநகர் ரயில்களில், நிர்வாகத்தின் காரணத்தால் 15 நிமிடமோ அதற்கு மேலோ தாமதமானால் கட்டணத்தைத் திரும்பக் கேட்கும் உத்தரவாதம் உண்டு. நகருக்குள் ஓடும் இந்தப் பாதைக்கு அப்படி ஒன்று இல்லை. அதே நாட்டின் ஒட்டாவா நகரில் 2019 செப்டம்பரில் இலகு ரயில் தொடங்கியபோது நிலைமை இன்னும் மோசமாக இருந்தது. யாரோ ஒருவர் கதவைப் பிடித்து நிறுத்தினால் வண்டியே முடங்கியது. 2021 ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் ரயில் தடம் புரண்டு, இரண்டாவது விபத்துக்குப் பின் 54 நாள் சேவையே நின்றது. அப்போதும் பயணிகள் தனித்தனியே கேட்டுப் பணம் பெறவில்லை. நகர மன்றம் முடிவெடுத்து அந்த டிசம்பர் மாதம் முழுவதும் எல்லோருக்கும் இலவசப் பயணம் அளித்தது. 

ஆனால் பயணச் செலவைக் குறைக்க உங்கள் மகளால் இப்போதே முடியும். 2026 தொடக்கத்தில் உயர்கல்வி மாணவருக்கான மாதப் பாஸ் 128.15 டாலராகவும், பயண அட்டையில் ஒரு பயணம் 3.30 டாலராகவும் இருந்தது. அந்தக் கணக்கில், மாதத்தில் 39 பயணத்துக்குக் குறைவாகப் போகிறவருக்குப் பாஸ் நஷ்டம். வகுப்பு வாரத்தில் மூன்று நாள்தான் என்றால் பாஸ் வாங்கவே வேண்டாம். ஒருமுறை அட்டையைத் தட்டினால் இரண்டு மணி நேரத்துக்குள் வேறு பஸ்ஸிலோ ரயிலிலோ மறுகட்டணமின்றி ஏறலாம் என்பதால், ரயில் நின்றுவிட்ட நாளில் இறங்கிப் பஸ் பிடிக்கத் தயங்க வேண்டியதில்லை.

வீட்டுக்காரரைப் பொறுத்தவரை, ரயில் மெதுவாகப் போவது அவருடைய பொறுப்பல்ல. ஆனால் சேதத்துக்கென்று வாங்கிய 500 டாலர் வேறு விஷயம். டொராண்டோ இருக்கும் ஒன்டாரியோ மாகாணச் சட்டப்படி வீட்டுக்காரர் கடைசி மாத வாடகையை முன்கூட்டி வாங்கலாம். சேதத்துக்கென்று வைப்புத்தொகை வாங்கக் கூடாது. உரிமையாளர் மறுத்தால், அங்குள்ள வீட்டுவாடகைத் தீர்ப்பாயத்தில் ஓராண்டுக்குள் விண்ணப்பித்துத் திரும்பப் பெறலாம். இதில் ஒரு கண்ணி இருக்கிறது. வீட்டு உரிமையாளரோ அவருடைய குடும்பத்தினரோ அதே வீட்டில் இருந்து, சமையலறையையோ குளியலறையையோ உங்கள் மகளுடன் பகிர்ந்துகொண்டால், அந்தச் சட்டத்தின் பாதுகாப்பு அவளுக்குக் கிடையாது. மாணவர்கள் எடுக்கும் அறைகளில் பல இந்த வகைதான். ஆகவே இன்றிரவு மகளிடம் பேசும்போது முதலில் கேளுங்கள்: அடுப்பங்கரை யாருடையது? சட்டம் பொருந்துமானால், மாத வாடகைக்கு இருப்பவர் 60 நாள் முன்னறிவிப்பு கொடுத்துக் காலி செய்யலாம். ஓராண்டு ஒப்பந்தம் போட்டிருந்தால், வேறொருவருக்கு மாற்றிவிட எழுத்தில் அனுமதி கேட்க வேண்டும்; அதை உரிமையாளர் மறுத்தால் 30 நாள் அறிவிப்பில் வெளியேற வழி உண்டு.

உங்களுக்கு உண்மையான பிடி வேலூரில் இருக்கிறது. ஆலோசகர் ரூபாயில் கட்டணம் வாங்கி, ஒரு வசதியைச் சொல்லி, அறையை உங்கள் தலையில் கட்டியிருக்கிறார். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குத் தொடரலாம். கொடுத்த தொகை ஐந்து லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை, இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. ஆனால் வெற்றி தோல்வியைத் தீர்மானிக்கப்போவது அந்த வாட்ஸ்அப் செய்தியின் தேதி. டிசம்பர் 7க்கு முன் அனுப்பியிருந்தால், திறப்புக்கு முன் சொல்லப்பட்ட மதிப்பீட்டைத்தான் நாங்களும் சொன்னோம் என்று அவர் வாதாடுவார்; அந்த வாதத்தில் ஓரளவு நியாயமும் இருக்கும். ரயில் ஓடத் தொடங்கி, அதன் வேகம் செய்தியாகிவிட்ட பிறகும் 'அரை மணி நேரம்' என்று எழுதிக் கட்டணம் வாங்கியிருந்தால், அது வாடிக்கையாளரைத் தவறாக வழிநடத்தியதாகும். அந்த உரையாடலை அழிக்காதீர்கள். போனை மாற்றினாலும் பழைய போனை வைத்திருங்கள். முதலில் 35,000 ரூபாயைத் திருப்பிக் கேட்டுப் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்புங்கள். கூடுதலாகக் கொடுத்த வாடகை வித்தியாசத்தையும் கேளுங்கள்; கேட்காததை ஆணையம் தானாகக் கொடுக்காது.

கேள்வி: வாலாஜாபேட்டை அருகே ஒரு மனைப் பிரிவில் இடம் வாங்க அட்வான்ஸ் கொடுக்க இருக்கிறோம். "வரவிருக்கும் அதிவேக ரயிலில் வேலூரிலிருந்து சென்னைக்கு 52 நிமிடம்" என்று நோட்டீஸில் அச்சடித்திருக்கிறார்கள். நம்பலாமா? (வேலூர் சத்துவாச்சாரியிலிருந்து ஒரு வாசகி)

பதில்: அந்த 52 நிமிடம் எப்படி வந்தது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள், அம்மா. தமிழக அரசு 2025 மார்ச் மாத நிதிநிலை அறிக்கையில் சென்னை – காஞ்சிபுரம் – வேலூர் தடத்தை 140 கி.மீ. என்றும், ரயிலின் வேகத்தை மணிக்கு 160 கி.மீ. என்றும் குறிப்பிட்டது. நூற்று நாற்பதை நூற்று அறுபதால் வகுத்தால் 52 நிமிடம் சொச்சம். வழியில் ஒரு நிலையத்திலும் நிற்காமல், புறப்படும் நொடியிலேயே 160 வேகத்தைத் தொட்டு, கடைசி நொடி வரை குறையாமல் ஓடும் ரயிலுக்கு மட்டுமே அந்தக் கணக்குப் பொருந்தும். அப்படி ஒரு ரயில் எந்த நாட்டிலும் ஓடவில்லை.

ஓடிக்கொண்டிருக்கும் ரயில்களை வைத்துப் பார்ப்பதுதான் சரியான முறை. டெல்லி – மீரட் தடத்தின் வடிவமைப்பு வேகம் 180, ஓடும் உச்ச வேகம் 160. ஆனால் 82 கி.மீ. தூரத்துக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் என்றுதான் திட்டமிட்டார்கள். அதே விகிதத்தில் 140 கி.மீ.க்கு ஒரு மணி நாற்பது நிமிடம் ஆகும். இன்றைக்கே சென்னை சென்ட்ரலிலிருந்து காட்பாடிக்கு வந்தே பாரத் ரயில், ஏறத்தாழ 130 கி.மீ. தூரத்தை ஒன்றரை மணி நேரத்துக்குள் கடந்துவிடுகிறது. இன்னும் வராத ரயிலின் பெயரைச் சொல்லிச் சதுர அடிக்குக் கூடுதல் விலை கேட்பவரிடம் இதைக் கேளுங்கள்.

இதைவிடப் பெரிய செய்தி, அந்த அறிக்கையில் அறிவிக்கப்பட்டது சாத்தியக்கூறு ஆய்வுதான் என்பது. ஆய்வுக்கும் நிலையம் அமையும் இடம் உறுதியாவதற்கும் நடுவே விரிவான திட்ட அறிக்கை, ஒன்றிய அரசின் ஒப்புதல், நிதி, நிலம் எடுப்பு என்று நீண்ட வழி இருக்கிறது.

மனைப் பிரிவின் மொத்தப் பரப்பு 500 சதுர மீட்டருக்கு மேல் அல்லது எட்டு மனைகளுக்கு மேல் என்றால், தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு இருக்க வேண்டும். பதிவு எண் இல்லாத நோட்டீஸை அப்படியே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பதிவு செய்த விற்பனை ஒப்பந்தம் இல்லாமல் விலையில் பத்து சதவீதத்துக்கு மேல் முன்பணம் வாங்க அந்தச் சட்டம் அனுமதிப்பதில்லை. விளம்பரத்தில் சொன்ன பொய்யான தகவலை நம்பி முன்பணம் கொடுத்து இழப்புக்கு ஆளானவர், திட்டத்திலிருந்து விலகி முழுத் தொகையையும் வட்டியோடு கேட்க அதன் 12ஆவது பிரிவு வழி செய்கிறது. எனவே நோட்டீஸைப் பத்திரப்படுத்துங்கள். அதோடு, "52 நிமிடம்" என்ற வரியை ஒப்பந்தத்திலும் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தர மாட்டார் என்றே நினைக்கிறேன். அப்படியானால் ரயிலை மறந்துவிட்டு, இன்றைய பஸ்ஸும் இன்றைய சாலையும் தரும் மதிப்புக்கு மட்டும் விலை பேசுங்கள்.

கேள்வி: காட்பாடியில் ரயில் நான்கு மணி நேரம் தாமதமாக வந்ததால் டெல்லி விமானத்தைத் தவறவிட்டேன். நம் நாட்டில் தாமதத்துக்கு இழப்பீடு உண்டா? (காட்பாடி வாசகர்)

பதில்: உண்டு. ஜம்முவுக்கு நான்கு மணி நேரம் தாமதமாகப் போன ரயிலால் ஸ்ரீநகர் விமானத்தைத் தவறவிட்ட குடும்பத்துக்கு வழங்கப்பட்ட இழப்பீட்டை, 2021 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. டாக்சிக்கு 15,000 ரூபாய், முன்பதிவுச் செலவுக்கு 10,000 ரூபாய், மன உளைச்சலுக்கும் வழக்குச் செலவுக்கும் தலா 5,000 ரூபாய். தாமதம் தன் கட்டுப்பாட்டை மீறிய காரணத்தால் நேர்ந்தது என்று ரயில்வே நிரூபிக்க வேண்டும், நிரூபிக்காவிட்டால் பொறுப்பேற்க வேண்டும் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். ரயிலுக்கும் விமானத்துக்கும் இடையே நீங்கள் நியாயமான இடைவெளி விட்டிருந்தீர்களா என்பதை நுகர்வோர் ஆணையம் கட்டாயம் பார்க்கும். இனி ஒருமுறை இப்படி நேர்ந்தால், ஏறும் நிலையத்தில் மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதம் என்று தெரிந்தவுடன் முடிவெடுங்கள். பயணம் செய்யாமல், ரயில் உண்மையில் புறப்படுவதற்கு முன்பே டி.டி.ஆர். (பணத்தைத் திரும்பக் கேட்கும் விண்ணப்பம்) பதிவு செய்தால் டிக்கெட் கட்டணம் முழுவதும் திரும்பக் கிடைக்கும். ஏறிவிட்டால் அந்த உரிமை போய்விடும்.