தாமதத்தின் வட்டி

அன்புள்ள ஐயா,

அணுமின் துறையில் தனியாரை அனுமதிக்கும் சாந்தி சட்டம் 2025 டிசம்பரில் நிறைவேறியது. நீங்கள் அதைப் பற்றி எழுதவே இல்லை. 2047க்குள் 100 ஜிகாவாட் என்கிறார்கள். தனியார் பணம் வந்தால் அரசுக்குச் செலவு மிச்சம்தானே? நான்கைந்து வருடம் தாமதமானால் நமக்கென்ன, யுரேனியம் மலிவு, கடைசியில் மின்சாரமும் மலிவாகத்தானே வரும்? சிறிய உலைகள், தோரியம் பற்றியும் சொல்லுங்கள். நான் வங்கியில் வீட்டுக் கடன் பிரிவில் இருக்கிறேன். அப்பா கல்பாக்கத்தில் ஒப்பந்த வெல்டராக இருந்தவர்.

கார்த்திக், மடிப்பாக்கம்

அன்புள்ள கார்த்திக்,

அப்பாவைப் பற்றி ஒரே வரியில் முடித்துவிட்டீர்களே. உலைக் குழாயில் போடும் வெல்டிங்கைக் கதிர்ப்படம் எடுத்துப் பார்ப்பார்கள். குறை தெரிந்தால் அறுத்துவிட்டு மறுபடி போட வேண்டும். அந்த வேலையைப் பற்றி அவரிடம் கேட்டு எழுதி அனுப்புங்கள், எனக்குப் படிக்க ஆசை.

தோரியம் இன்னொரு நாள். சிறிய உலைகளுக்கு 2025 பட்ஜெட்டில் 20,000 கோடி ஒதுக்கினார்கள். முதலில் ஒன்று கட்டி ஓடட்டும், அப்புறம் பேசலாம்.

ஆனால் "தாமதமானால் நமக்கென்ன" என்று எழுதியிருக்கிறீர்கள். வீட்டுக் கடன் பிரிவில் உட்கார்ந்துகொண்டு இதை எழுத உங்களுக்கு எப்படி மனசு வந்தது?

என் அக்கா கேளம்பாக்கம் பக்கம் ஒரு ஃபிளாட் புக் செய்தார். இரண்டு வருடத்தில் சாவி என்றார் பில்டர். வேளச்சேரி வீட்டுக்கு வாடகை ஒரு பக்கம், சாவி வரும்வரை கட்டும் பிரீ இ.எம்.ஐ. என்ற வட்டித் தவணை இன்னொரு பக்கம். ஞாயிற்றுக்கிழமை சைட்டுக்குப் போனால் நான்காவது தளத்துக்கு மேலே கம்பிகள் துருப்பிடித்து நிற்கும், வாட்ச்மேன் மட்டும் இருப்பார். அத்தான் வங்கி ஸ்டேட்மெண்டில் விரலை வைத்து வரிவரியாகக் காட்டுவார். கட்டியது அத்தனையும் வட்டி, அசலில் ஒரு ரூபாய் குறையவில்லை. சிமெண்ட் விலையோ கூலியோ அவர்களைச் சாய்க்கவில்லை. காத்திருந்த மாதங்கள்தான் சாய்த்தன. அக்கா கழுத்துச் சங்கிலி அந்த வட்டிக்குத்தான் போனது.

அணுமின் நிலையத்திலும் நடப்பது இதுதான். நம் அணுமின் கழகத்தின் வழக்கமான கணக்கில் நூறு ரூபாய் திட்டத்துக்கு எழுபது ரூபாய் கடன். ஒன்பது சதவீத வட்டியில் முதல் வருடம் வாங்கிய 100 ரூபாய் கடன், ஏழு வருடத்தில் 183 ரூபாய் ஆகிறது. அதே பணம் பதினான்கு வருடம் முடங்கினால் 334. இந்தக் கூட்டுவட்டி உங்களுக்குத் தெரியாததா? கூடுதலாக ஒரு மூட்டை கான்கிரீட் விழவில்லை, ஒரு யூனிட் மின்சாரம் வரவில்லை. யுரேனியம் மலிவு என்பது உண்மைதான். ஆனால் அணுமின்சாரத்தின் விலையில் பெரும்பகுதி, கட்டிய செலவும் அதன் வட்டியும்.

கூடங்குளத்தின் முதல் இரண்டு உலைகளுக்கு 13,171 கோடி என்று தொடங்கினார்கள், 22,462 கோடியில் போய் நின்றது. உயர்வுக்குச் சொன்ன காரணங்களில் கட்டுமானக் கால வட்டியும் ஒன்று. இதைச் சொன்னால் உடனே இடிந்தகரை மக்களைக் கைகாட்டுவார்கள். எனக்குக் கோபம் வருகிற இடம் இது. முதல் உலை 2007 டிசம்பரில் ஓடியிருக்க வேண்டும். போராட்டம் வேலையை நிறுத்தியது 2011 இறுதியில். அதற்கு முந்தைய நான்கு வருடத் தாமதத்தை அந்த மீனவர்கள் தலையில் எப்படி ஏற்றுவது?

தனியார் வந்தால் இது மாறிவிடுமா? ஐந்து வருட டெபாசிட்டை வாங்கி வைத்துக்கொண்டு, பத்து வருடம் ஒரு பைசா திரும்பாத திட்டத்துக்கு உங்கள் வங்கி கடன் கொடுக்குமா? கொடுத்தால் எவ்வளவு வட்டி கேட்கும்? அமெரிக்காவில் வோக்டில் நிலையத்தைக் கட்டிய நிறுவனங்களுக்கே அரசின் கடன் உத்தரவாதம் தேவைப்பட்டது. 14 பில்லியன் டாலர் மதிப்பீடு 30 பில்லியனைத் தாண்டியது. உலையை வடிவமைத்த வெஸ்டிங்ஹவுஸ் 2017இல் திவால் மனு போட்டது. அதே வருடம் தெற்கு கரோலினாவில் வி.சி. சம்மர் உலைகளை 9 பில்லியன் செலவழித்த பிறகு பாதியில் கைவிட்டார்கள். அந்தப் பணத்தை மின் கட்டணத்தோடு சேர்த்து முன்கூட்டியே வசூலிக்கச் சட்டம் இருந்தது. வராத மின்சாரத்துக்கு அந்த ஊர்க் குடும்பங்கள் பில் கட்டின.

பிரிட்டன் இதை இரண்டு வழியில் செய்து பார்க்கிறது. ஹிங்க்லி பாயிண்ட் அணுமின் நிலையத்துக்கு ஆயிரம் யூனிட்டுக்கு 92.50 பவுண்ட் என்று, 2012 விலையில், 35 வருடத்துக்கு உறுதி கொடுத்தார்கள். கட்டும்போது செலவு எகிறினால் அது நிறுவனத்தின் பாடு. சைஸ்வெல் அணுமின் நிலையத்தில் கட்டும்போதே வீட்டு பில்லில் கொஞ்சம் வசூல். வட்டி குட்டி போடாது, திட்டம் மலிவாகும், ஆனால் தாமதத்தின் சுமையில் ஒரு பங்கு குடும்பங்கள் மேல் வந்துவிடுகிறது.

என் கட்சி இதுதான். கட்டும் காலத்துக் கடனை அரசு தன் குறைந்த வட்டியில் வாங்க வேண்டும். குஜராத்தின் காக்ராபாரில் ஓடுகிற 700 மெகாவாட் உலை வடிவத்தையே இடைவெளி விடாமல் கட்டிக்கொண்டு போக வேண்டும், அதே ஆட்கள் அடுத்த உலைக்கு நகரும்படி. உங்கள் அப்பா மாதிரி கை பழகியவர்களை ஒப்பந்தம் முடிந்ததும் கலைத்துவிட்டு, பத்து வருடம் கழித்துப் புது ஆட்களைத் தேடுவதிலும் மாதங்கள் போகின்றன. தனியார் பணமும் ஓய்வூதிய நிதிகளும் ஓடத் தொடங்கிய நிலையத்தில் வந்து பங்கு வாங்கட்டும்.

இல்லை, கட்டுவதையும் தனியாரே செய்யட்டும் என்றால், தாமதமாகும் ஒவ்வொரு மாதத்தின் வட்டியையும் யார் கட்டுவது என்று ஒப்பந்தத்தில் எழுதி, அதை நமக்குக் காட்ட வேண்டும். சாந்தி சட்டத்தின் கீழ் முதல் ஒப்பந்தம் வரும்போது நான் முதலில் தேடப்போவது அந்தப் பக்கத்தைத்தான். நீங்களும் தேடிப் படியுங்கள். கடன் பத்திரம் படிப்பது உங்கள் தொழில்.

அன்புடன்.