இரண்டு வருஷமும் எழுபது வருஷமும்

அன்புள்ள ஐயா,

உங்கள் தளத்தை ஐந்தாறு வருஷமாக வாசிக்கிறேன். எழுதுவது இதுதான் முதல் தடவை. என் கணவருக்கு இரண்டு சிறுநீரகமும் செயலிழந்து மூன்று வருஷம் ஆகிறது. செவ்வாயும் வெள்ளியும் டயாலிசிஸ். எனக்குச் சர்க்கரை இருப்பதால் என்னுடையதை எடுக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். மாற்று சிறுநீரகத்துக்குப் பதிந்துவிட்டுக் காத்திருக்கிறோம். போன டிசம்பர் 31ஆம் தேதி ராத்திரி ஆராதனையில் எடுத்த அட்டையில், எங்கள் வீட்டுக்குப் புது வருஷ வாக்குத்தத்தமாக எரேமியா 29:11 வந்தது. ‘நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவை உங்களுக்குக் கொடுக்கும்படிக்கு’ என்று. இந்த வருஷமே கிடைத்துவிடும் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். பத்து மாதம் போய்விட்டது. வீட்டுக்கு ஜெபிக்க வருகிற ஊழியக்காரர், உங்கள் விசுவாசம் குறைவு, அதுதான் தடை என்கிறார். மாமியார், எதையும் எதிர்பார்க்காதே, வந்தால் வரட்டும் என்கிறார். எது விசுவாசம் ஐயா? எதிர்பார்ப்பதா, எதிர்பார்க்காமல் இருப்பதா? சோர்ந்துபோகும்போது எந்த வசனத்தைப் பிடித்துக்கொள்வது?

பி.கு.: யாரிடமும் சொல்லாத ஒன்று. எங்காவது சாலை விபத்து என்று செய்தி வந்தால் என் கண் உடனே செல்போனுக்குப் போகிறது. அப்புறம் முழங்காலில் நின்று அழுகிறேன்.

பெயர் வேண்டாம்.

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடிதம் வந்த அன்று எரேமியாதான் என் மேஜையில் திறந்து கிடந்தது. பக்தியால் அல்ல, எரிச்சலால். எங்கள் தெருமுனைக் கடையில் அடுத்த வருஷக் காலண்டர்கள் வந்து இறங்கிவிட்டன. கிறிஸ்தவக் காலண்டர்களை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தேன். அருவி, ஆட்டுக்குட்டி, சூரிய உதயம், பாதிக்கு மேல் நீங்கள் எழுதிய அதே வசனம். கடைக்காரரிடம் பத்தாம் வசனம் போட்ட காலண்டர் இருக்கிறதா என்று கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

முதலில் சில்லறை விஷயங்கள். அந்த ஊழியக்காரருக்கு அடுத்த தடவை ஒரு காபி கொடுத்து வாசலோடு அனுப்பிவிடுங்கள். நாலு மணி நேரம் ஊசி குத்திப் படுத்துக்கிடந்துவிட்டு, வீட்டுக்கு வந்தும் தண்ணீரை அளந்து குடிக்கிற மனிதனின் கட்டிலருகே நின்று விசுவாசத்தை எடைபோடுகிறவருக்கு நான் பதில் எழுதுவதாக இல்லை. உங்கள் மாமியார் சொல்வது வேறு. மகன் படுகிற பாட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறவர், இன்னொரு அடி விழுந்தால் தாங்காது என்று முன்கூட்டியே குனிந்துகொள்கிறார். அதற்கு வேதாகமத்தில் ஆதாரம் தேட வேண்டாம், அவரைக் கொஞ்சம் உட்காரவைத்துக் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

நான் திட்ட வேண்டியது உங்களைத்தான். மூன்று வருஷம் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்த ஒருத்தி, கையில் வேதாகமமும் வைத்திருக்கிறவள், பதினோராம் வசனத்துக்கு ஒரு வரி மேலே என்ன இருக்கிறது என்று பார்க்கவில்லையா? பாபிலோனில் எழுபது வருஷம் நிறைவேறின பின்பு உங்களைச் சந்திப்பேன் என்று இருக்கிறது அம்மா. எழுபது! எருசலேமிலிருந்து பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா தீர்க்கதரிசி எழுதி அனுப்பிய கடிதம் அது. அன்றைக்கு அதை வாசிக்கக் கேட்ட முப்பது வயதுக்காரன் ஊர் திரும்ப வேண்டுமென்றால் நூறு வயது இருக்க வேண்டும். அது அவனுக்குத் தெரியாதா? தெரியும். அதனால்தான் கடிதத்தின் ஆரம்பத்திலேயே, வீடுகளைக் கட்டிக் குடியிருங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் பண்ணிவையுங்கள் என்று வருகிறது. இருக்கிற இடத்தில் பிழைப்பைப் பாருங்கள் என்கிற கடிதம். அதிலிருந்து ஒரு வரியை மட்டும் கத்தரித்து, அருவிப் படத்தின் மேல் ஒட்டி, ஒரு வருஷ ஆயுள் கொடுத்து நமக்கு விற்றுவிட்டார்கள்.

இதற்கு முந்தைய அதிகாரத்தை நான் ஒரு நாடகம் மாதிரி திரும்பத் திரும்ப வாசிப்பதுண்டு. அனனியா என்று ஒரு தீர்க்கதரிசி. ஆலயத்தில், ஜனங்கள் எல்லோருக்கும் முன்பாக, இரண்டே வருஷத்தில் எல்லாம் திரும்பி வரும் என்கிறான். பாபிலோனுக்குக் கொண்டுபோன ஆலயப் பாத்திரங்கள், பிடித்துப்போன ராஜா, எல்லாம். கூட்டத்துக்கு எப்படி இருந்திருக்கும்! எரேமியா அங்கேதான் நிற்கிறார், பாபிலோனுக்கு அடங்கியிருங்கள் என்பதற்கு அடையாளமாகக் கழுத்தில் மரநுகத்தோடு. அவர் என்ன சொல்கிறார் தெரியுமா? ஆமென் என்கிறார். கர்த்தர் அப்படியே செய்வாராக என்கிறார். அதைக் கிண்டல் என்று சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவருக்கும் அந்த இரண்டு வருஷம்தான் வேண்டும். எழுபது வேண்டும் என்று யாருக்கு ஆசை? அனனியா அந்த நுகத்தைப் பிடுங்கி உடைக்கிறான். எரேமியா பதிலுக்கு மல்லுக்கட்டவில்லை, பேசாமல் தன் வழியே போய்விடுகிறார். பதில் அப்புறம்தான் வருகிறது. அனனியாவும் அந்த வருஷமே செத்துப்போகிறான். என்னைக் கேட்டால் அவன் வேண்டுமென்றே பொய் சொன்னவன் இல்லை. ஜனங்களின் அழுகையைப் பார்க்கச் சகிக்காமல் ஒரு தேதி கொடுத்துவிட்டான். நம் மேடைகளில் இன்றைக்கும் ‘இந்த மாதம்’, ‘இன்னும் நாற்பது நாளில்’ என்று தேதி கொடுக்கிறவர்கள் எல்லோரும் அவன் வம்சம்தான், பாதிப்பேர் நல்லவர்களும்கூட.

சரி, எழுபது என்று சொன்னவர் எதிர்பார்ப்பதை விட்டுவிட்டாரா? முப்பத்திரண்டாம் அதிகாரத்துக்குப் போங்கள். பாபிலோன் படை நகரத்தைச் சுற்றி வளைத்திருக்கிறது. எரேமியா காவலில் இருக்கிறார். அந்த நேரம் பார்த்து அவருடைய சித்தப்பா மகனோ பெரியப்பா மகனோ ஒருத்தன், அனாமெயேல், வந்து ஆனதோத்தில் இருக்கிற என் நிலத்தை வாங்கிக்கொள் என்கிறான். எதிரிப்படை கூடாரம் போட்டிருக்கும்போது நிலத்தை விற்க வருகிற சொந்தக்காரனை நமக்குத் தெரியாதா என்ன, ஊருக்கு ஒருவர் உண்டு. இவரோ பதினேழு சேக்கல் வெள்ளியை நிறுத்துக் கொடுத்து, பத்திரம் எழுதி, சாட்சிக் கையெழுத்து வாங்கி, முத்திரை போட்டு, ரொம்ப நாள் கெடாமல் இருக்கட்டும் என்று மண்பாண்டத்தில் போட்டு வைக்கச் சொல்கிறார். அதில் அவர் ஒரு நாளாவது ஏர் ஓட்டியதாக எங்கேயும் இல்லை. கடைசியில் அவரை எகிப்துக்கு இழுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். எங்கள் அம்மா ஊர் இடையன்குடிப் பக்கம், தேரிக்காடு. பனையை வைத்தவன் பார்த்துவிட்டுப் போவான் என்பார்கள் அங்கே. அந்த ஊர் கிறிஸ்தவக் கோயிலுக்குப் பாதிரியார் கால்டுவெல் ஐயர் 1847இல் அடிக்கல் போட்டார், பிரதிஷ்டை நடந்தது 1880இல். முதல் வருஷம் கல் சுமந்தவர்களில் எத்தனை பேர் மணியோசை கேட்டிருப்பார்கள் என்று சின்ன வயதில் அதன் திண்ணையில் உட்கார்ந்து யோசித்திருக்கிறேன்.

அம்மா என்றதும் எழுத வந்தது வேறு எங்கோ போகிறது. போகட்டும்.

1986 டிசம்பர் 31. எனக்கு பதினைந்து வயது. அப்பாவுக்கு ஈரல் கெட்டு, வயிற்றில் நீர் கோர்த்துப் படுக்கையில் இருந்தார். அம்மா மட்டும் ராத்திரி ஆராதனைக்குப் போய்த் தட்டிலிருந்து ஒரு அட்டையை எடுத்துக்கொண்டு வந்தாள். ‘நான் சாவாமல், பிழைத்திருந்து, கர்த்தருடைய செய்கைகளை விவரிப்பேன்.’ சங்கீதம் 118. அவள் அதை அப்பாவின் தலைமாட்டில் சுவரில் சோற்றுப் பருக்கை வைத்து ஒட்டினாள். தெருவே வந்து பார்த்துவிட்டுப் போனது. அப்பா மார்ச் மாதம், ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாட்களில் இறந்துபோனார். துக்கம் கேட்க வந்த சபைப் பெரியவர் ஒருவர் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி ஒரு விளக்கம் சொன்னார்: அட்டையை எடுத்தது அம்மாதானே, அப்படியென்றால் வசனம் அவளுக்குத்தான், அவள் சாகவில்லையே. சாணை பிடித்த மாதிரி ஒரு தர்க்கம்! நான் எழுந்து வெளியே போய் வேப்பமரத்தை உதைத்தேன். கால் வீங்கிப்போய் அடக்கத்துக்கு நொண்டிக்கொண்டு போனேன்.

அதற்கப்புறம் ஏறக்குறைய இரண்டு வருஷம் அம்மா கோயிலில் பாடவில்லை. ஒரு ஞாயிறும் தவறாமல் போனாள், வழக்கமான மூன்றாவது வரிசையில் நின்றாள், பாட்டுப் புத்தகத்தைச் சரியான பக்கத்தில் திறந்தாள், வாயை மட்டும் திறக்கவில்லை. நல்ல குரல் அவளுக்கு, அதனால் ஊருக்கே தெரிந்தது. ஒருநாள் ஐயரம்மா, எங்கள் போதகரின் மனைவி, வீடு தேடி வந்து கேட்டார்கள். அம்மா சொன்னது எனக்கு அட்சரம் பிசகாமல் நினைவிருக்கிறது. “பாட்டு வரல ஐயரம்மா. வந்தா பாடுவேன். அதுவரைக்கும் அவரு முன்னால வந்து நின்னுட்டுப் போறேன்.” அந்த வருஷ டிசம்பர் 31க்கும் போனாள், அட்டையும் எடுத்தாள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை, உனக்கு ரோஷமே கிடையாதா என்று கத்தினேன். “கேக்க வேண்டியது இன்னும் பாக்கி கெடக்குல்லா. கேக்கணும்னா அங்கதான் போகணும்” என்றாள், அடுப்பை ஊதிக்கொண்டே.

அவள் போன பிறகு அவளுடைய வேதாகமம் என்னிடம் வந்தது. சங்கீதம் 88 பக்கத்து ஓரத்தில் பென்சிலால் வருஷங்களைக் குறித்து வைத்திருந்தாள்: 87, 88, 89, பிறகு 95, பிறகு என் அக்காவின் பிள்ளை தவறிய வருஷம். அந்தச் சங்கீதத்தை வாசித்திருக்கிறீர்களா? மற்ற புலம்பல் சங்கீதங்கள் அநேகமாகக் கடைசியில் ஸ்தோத்திரத்துக்குத் திரும்பிவிடும். இது திரும்பாது. எனக்கு அறிமுகமானவர்கள் மறைந்துபோனார்கள் என்று இருட்டிலேயே முடிந்துவிடும். அந்தப் பக்கத்தில்தான் 86ஆம் வருஷத்து அட்டையும் இருந்தது, பின்பக்கம் காய்ந்த சோற்றுப் பருக்கையோடு. கோபத்தில் அங்கே செருகினாளோ, தொலைந்துபோகாமல் இருக்கட்டும் என்று வைத்தாளோ, எனக்குத் தெரியாது. நான் மாதம் ஒருமுறை கோயிலுக்குப் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு வருகிற ஆள். போகாமலே இருந்துவிடாததற்குக் காரணம் அந்தப் பக்கம்தான்.

நீங்கள் கேட்டதை விட்டு வெகுதூரம் வந்துவிட்டேன். எதிர்பார்ப்பதா கூடாதா என்றுதானே கேட்டீர்கள். கத்தோலிக்கர்களின் பொது மொழிபெயர்ப்பில் நாம் ‘விசுவாசம்’ என்பதை ‘நம்பிக்கை’ என்றும், நாம் ‘நம்பிக்கை’ என்பதை ‘எதிர்நோக்கு’ என்றும் போட்டிருப்பார்கள். அந்த ‘எதிர்நோக்கு’ எனக்குப் பிடித்த சொல். வழியைப் பார்த்துக்கொண்டிருப்பது, அவ்வளவுதான். உங்கள் அட்டை வசனத்தில், எபிரேயத்தில், கடைசிச் சொல் ‘திக்வா’. நம்பிக்கை. எரிகோ நகரம் விழும்போது தன் வீடு தப்புவதற்கு அடையாளமாக ராகாப் என்ற பெண் ஜன்னலில் கட்டிய சிவப்பு நூல் கயிற்றுக்கும் யோசுவா புத்தகத்தில் அதே சொல்தான். கயிறு. அந்தப் பெண் அதைக் கட்டிவிட்டு வீட்டுக்குள் இருந்தாள், அன்றைக்கும் உலை வைத்திருப்பாள். நீங்களும் எதிர்பாருங்கள், தாராளமாக. டிசம்பருக்குள் என்று நீங்கள் ஊரெல்லாம் சொன்ன அந்தத் தேதியை மட்டும் விட்டுவிடுங்கள். அது கர்த்தர் கொடுத்தது இல்லை, காலண்டர்க்காரன் கொடுத்தது. வசனம் கேட்டீர்கள்: ஜனவரிவரை எரேமியாவை மூடி வைத்துவிட்டு சங்கீதம் 88ஐ வாசியுங்கள், சத்தமாக, உங்கள் கணவரும் கேட்கிற மாதிரி. அவருக்கும் சொல்ல வேண்டியது இருக்கும், உங்கள் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டிருப்பார்.

இன்னொன்று. கடிதத்தில் செலவைப் பற்றி எதுவுமே இல்லை, அதுதான் என்னை உறுத்துகிறது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் டயாலிசிஸ் உண்டு. குடும்பத்தின் வருஷ வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் சேரலாம். அட்டை எடுத்தாயிற்றா? இல்லையென்றால் இந்த வாரமே கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்றுக்குப் போய் நில்லுங்கள். கடன் வாங்கிச் சபைக்குத் தசமபாகம், அதாவது வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு, கொடுத்துக்கொண்டிருந்தால் அதை நிறுத்துங்கள். நிறுத்தினால் சாபம் என்று யாராவது சொன்னால் என்னிடம் அனுப்புங்கள்.

அப்புறம் அந்தப் பின்குறிப்பு. கடிதத்திலேயே உண்மையான கேள்வி அதுதான், மற்றதெல்லாம் அதைச் சொல்வதற்கான தயக்கம். செல்போனைப் பார்த்த கண்ணுக்காக அழாதீர்கள் அம்மா. விபத்துச் செய்தியில் வருகிற அந்தப் பையன் வண்டியிலிருந்து விழுந்தது நீங்கள் ஜெபித்ததால் அல்ல, நீங்கள் ஜெபிப்பதை நிறுத்தினால் எழுந்திருக்கப் போவதும் இல்லை. மூளைச்சாவு என்று டாக்டர் சொன்ன பிறகு, தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே ஒரு அம்மாவும் அப்பாவும் உட்கார்ந்திருப்பார்கள். யாரோ ஒருவர் வந்து ஒரு படிவத்தை நீட்டுவார். அவர்கள் கையெழுத்துப் போடுகிறார்களா இல்லையா என்பது அப்புறம். அந்த ராத்திரி அவர்கள் பக்கத்தில் யாராவது இருக்க வேண்டுமே என்று இன்றைக்கே ஜெபியுங்கள், பெயர் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. நான் எப்போதாவது ஜெபிக்கிறவன்தான். இன்றைக்கு ராத்திரி அந்த இரண்டு பேரையும் உங்களோடு சேர்த்துக்கொள்கிறேன்.

வெள்ளிக்கிழமை முடிந்து வீட்டுக்கு வந்ததும் அவர் எப்படி இருக்கிறார் என்று இரண்டு வரி எழுதிப் போடுங்கள்.