9 அடி பூல் (பில்லியர்ட்ஸ் வகை ஆட்டம்) மேசை: பிரன்ஸ்விக் நிறுவனத்தின் கோல்ட் கிரவுனா, டயமண்ட் நிறுவனத்தின் புரோ-ஆமா?

இரண்டுக்கும் ஆடுதளம் ஒன்றே: 100 × 50 அங்குலம். வித்தியாசம் பாக்கெட்டிலும் (பந்து விழும் குழி) குஷனிலும் (ஓரத்து ரப்பர்) ஸ்லேட்டிலும் (துணிக்கு அடியில் உள்ள கல்பலகை)தான்.

டயமண்ட் புரோ-ஆமின் மூலை பாக்கெட் வாய் சுமார் 4½ அங்குலம். உள்ளே, குழியில் விழும் முன் பந்து கடக்க வேண்டிய ஸ்லேட் விளிம்பும் ஆழம். அதனால் குஷனை ஒட்டி வேகமாக அடித்த பந்து பாக்கெட் வாயின் இரு முனைகளிலும் மோதி ஆடி வெளியே நின்றுவிடும். அங்கே மெதுவாக அடிப்பதே புத்தி. பழைய பிரன்ஸ்விக் கோல்ட் கிரவுனில் வாய் 5 அங்குலத்தை நெருங்கும், சின்னப் பிழையை மன்னிக்கும். புதிதாகப் பழகுபவருக்கு அதுவே நல்லது என்பேன்.

குஷனில்தான் பலர் குழம்புகிறார்கள். சிவப்பு லேபிள் ஒட்டிய பழைய டயமண்டில் பேங்க் ஷாட் (பந்தைக் குஷனில் மோதித் திருப்பி அடிப்பது) குறுகி, குறிவைத்த இடத்துக்கு முன்பே வந்து சேரும். பின்னர் வந்த நீல லேபிள் மேசையில் அதைத் திருத்தினார்கள். ஆனால் புதுத் துணி போட்டால் எந்த மேசையும் சில வாரம் அப்படித்தான் ஆடும்: பந்து வழுக்கும், உருளாது.

கோல்ட் கிரவுனின் ஸ்லேட் மூன்று துண்டு. இணைப்பை மட்டம் பார்த்துத் தேன்மெழுகால் அடைக்க வேண்டும். இல்லையென்றால் மெதுவான பந்து அங்கே திசைமாறும். புரோ-ஆமில் ஒரே கல். இணைப்புத் தொல்லை இல்லை. மாடிக்கு ஏற்றுவதுதான் பெரும்பாடு!