எலும்புப் புற்றுநோய் எவ்வளவு ஆபத்தானது? வந்தால் பிழைக்க வாய்ப்பு உண்டா?

இந்தக் கேள்விக்கு ஒருவர் "எலும்புல வந்தா ஆறு மாசம்தான்" என்று ஒரே வரியில் பதில் போட்டிருக்கிறார். அதைப் பார்த்த பிறகு சும்மா கடந்து போக முடியவில்லை. இதே வார்த்தையை எங்கள் வீட்டு வாசலில் நின்று அம்மா காது கேட்கச் சொன்னவர்கள் உண்டு. அப்போது என் தம்பிக்குப் பதினாறு வயது. இன்று அவன் தென்காசியில் ஓர் ஆடிட்டர் ஆபீசில் வேலை பார்க்கிறான். அவனுக்கு வந்ததும் எலும்புப் புற்றுநோய்தான்.

கேட்டவர் பெயரை மறைத்துக் கேட்டிருக்கிறீர்கள். வீட்டில் ஒரு பிள்ளைக்கு எக்ஸ்ரேயில் ஏதோ தெரிந்து, எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்லியிருப்பார்கள், ராத்திரி தூக்கம் வராமல் தேடிக்கொண்டிருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. ஒரு நோயாளியின் அக்கா, அவ்வளவுதான். ஆனால் அவனுடைய ஃபைலைத் தூக்கிக்கொண்டு அலைந்தவள், அதில் இருந்த ஒவ்வொரு வார்த்தைக்கும் அர்த்தம் கேட்டுத் தெரிந்துகொண்டவள். நான் எழுதியதில் தவறு இருந்தால் மருத்துவர்கள் தாராளமாகத் திருத்தலாம். "கேன்சர் என்பதே பொய், மருந்து கம்பெனிகளின் வியாபாரம்" என்று சொல்ல வருபவர்களோடு வாதாட எனக்குத் தெம்பு இல்லை.

முதலில் ஒன்று. எலும்புப் புற்றுநோய் என்று ஒரே நோய் கிடையாது. பெரியவர்களுக்கு "எலும்பில் கேன்சர்" என்று சொன்னால் பெரும்பாலும் அது வேறு இடத்திலிருந்து பரவியதாக இருக்கும். மார்பகம், புராஸ்டேட், நுரையீரல், சிறுநீரகம், தைராய்டு இவற்றில் தொடங்கி எலும்புக்கு வந்திருக்கும். ஊரில் "ஆறு மாசம்" என்ற பேச்சு வந்ததே இந்த நோயாளிகளைப் பார்த்துத்தான் என்பது என் எண்ணம். அவர்களிலும் மார்பகம், புராஸ்டேட் என்றால் மருந்தோடு பல வருடம் இருப்பவர்கள் உண்டு. எலும்பிலேயே பிறக்கும் புற்றுநோய் மிக அரிது. மொத்தப் புற்றுநோய்களில் நூற்றில் ஒன்றுகூட வராது. அதிலும் வகைகள் இருக்கின்றன. வளரும் வயதுப் பிள்ளைகளுக்கு அதிகம் வருவது ஆஸ்டியோசார்கோமா. அதற்கு அடுத்தது யூயிங் சார்கோமா. நாற்பது வயதுக்கு மேல் குருத்தெலும்பில் வருவது காண்ட்ரோசார்கோமா. அதற்குக் கீமோ (புற்றுச் செல்களைக் கொல்லும் மருந்து) அவ்வளவாக வேலை செய்யாது, ஆபரேஷன்தான். வீரியம் குறைந்த வகையாக இருந்து முழுசாக எடுத்துவிட்டால் பெரும்பாலானவர்கள் நன்றாக இருக்கிறார்கள். ஆகவே எந்த வகை, எந்த இடம், நுரையீரலுக்குப் போயிருக்கிறதா இல்லையா என்று தெரியாமல் யாராவது உங்களுக்கு நாள் குறித்தால் அதைக் காதில் வாங்காதீர்கள்.

என் தம்பிக்கு வந்தது ஆஸ்டியோசார்கோமா. இடது முட்டிக்குச் சற்று மேலே, தொடை எலும்பின் அடிப்பகுதி. இந்த நோய் அதிகம் வருவதே முட்டியைச் சுற்றித்தான். எலும்பு வேகமாக வளரும் இடம் அது. அவன் பள்ளிக் கபடி அணியில் இருந்தான். முட்டி வலி என்றதும் எங்கள் ஊரில் ஒரு கிளினிக்கில் "விளையாட்டுப் பையன், தசைப்பிடிப்பு" என்று ஊசி போட்டு, முட்டிக்கு உறை மாட்டி அனுப்பினார்கள். மறுபடி போனோம். மறுபடி வலி மாத்திரை. "வளர்ற பையனுக்கு வலிக்கத்தான் செய்யும்" என்றார் அந்த டாக்டர். ஒரு எக்ஸ்ரே எடுத்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். இதை நினைத்தால் இன்றும் எனக்கு வயிறு எரிகிறது.

வளர்ச்சி வலி பெரும்பாலும் சின்னப் பிள்ளைகளுக்கு வரும், இரண்டு காலிலும் வரும், சாயங்காலம் வந்து காலையில் காணாமல் போகும். இவனுக்கு ஒரே காலில், விரல் வைத்துக் காட்டும்படி ஒரே இடத்தில், வாரக்கணக்கில் வலி. விளையாடாமல் படுத்திருந்தாலும் வலித்தது. ராத்திரி எழுந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொள்வான். அப்புறம் தொடைக்குக் கீழே வீக்கம் தெரிந்தது. பக்கத்து வீட்டில் கட்டுப் போடுகிற இடத்துக்குக் கூட்டிப் போகச் சொன்னார்கள். அப்பா மறுத்துவிட்டு, திருநெல்வேலிக்குக் கூட்டிப் போய் எக்ஸ்ரே எடுத்தார். எலும்புக் கட்டு கட்டுபவர்களை நான் குறை சொல்வதாக யாரும் கிளம்ப வேண்டாம். எலும்பு முறிவுக்கு அவர்களிடம் போய்க் குணமானவர்கள் எங்கள் உறவிலேயே இருக்கிறார்கள். ஆனால் காரணம் தெரியாத வீக்கத்தை உருவித் தேய்க்கவே கூடாது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். கபடியில் அடிபட்டதால் இந்த நோய் வரவில்லை. அடிபடும்போது அந்த இடத்தைக் கவனிக்கிறோம், ஏற்கெனவே இருந்தது கண்ணில் படுகிறது. அம்மா பல நாள் "விளையாட விட்டேனே" என்று அழுதாள். சென்னையில் டாக்டர் உட்கார வைத்து விளக்கிய பிறகுதான் அந்த அழுகை நின்றது.

திருநெல்வேலியில் எக்ஸ்ரே பார்த்த எலும்பு டாக்டருக்கு நாங்கள் இன்றும் கடன்பட்டவர்கள். "பயாப்சி நான் எடுக்க மாட்டேன். கடைசி ஆபரேஷனை யார் செய்யப் போகிறார்களோ அவர்கள்தான் எடுக்கணும்" என்று எழுதிக் கொடுத்து நேரே சென்னைக்கு அனுப்பினார். பயாப்சி என்றால் கட்டியிலிருந்து துளி சதை எடுத்துச் சோதிப்பது. இந்த ஒரு விஷயத்துக்காகவே இவ்வளவு நீளமாக எழுதுகிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். பயாப்சி ஊசி போன பாதையிலும் புற்றுச் செல்கள் இருக்கலாம் என்பதால், பிறகு ஆபரேஷனில் அந்தப் பாதையையும் சேர்த்து வெட்டி எடுப்பார்கள். தப்பான இடத்தில் கீறிவிட்டால், காப்பாற்றியிருக்கக்கூடிய காலையே எடுக்க வேண்டி வரலாம். வார்டில் அப்படி ஒரு பிள்ளையை நான் பார்த்தேன். வேறு ஊரில் சாதாரணக் கட்டி என்று நினைத்து அறுத்துவிட்டு அனுப்பியிருந்தார்கள்.

சரி, பிழைப்பது எவ்வளவு பேர்? நோய் அந்த ஒரே இடத்தில் இருக்கும்போது கண்டுபிடித்து முழுச் சிகிச்சையும் எடுத்தால், ஆஸ்டியோசார்கோமாவில் நூறு பேரில் 60 முதல் 70 பேர் ஐந்து வருடத்தைத் தாண்டுகிறார்கள். கண்டுபிடிக்கும்போதே நுரையீரலுக்குப் போயிருந்தால் அது 20, 30 என்று இறங்கிவிடும். அப்போதும், நுரையீரலில் இருப்பது ஒன்றிரண்டு புள்ளிகள்தான் என்றால் அதையும் ஆபரேஷனில் எடுத்துப் பிழைத்தவர்கள் இருக்கிறார்கள். 1970களுக்கு முன்னால் பெரும்பாலும் காலை எடுப்பதுதான் வைத்தியம். காலை எடுத்தும் நூறில் 80 பேருக்கு நுரையீரலில் வந்தது. ஸ்கேனில் தெரியாத அளவுக்குச் சின்னதாக அங்கே ஏற்கெனவே போயிருக்கும். அதைப் பிடிக்கத்தான் கீமோ. அமெரிக்க செனட்டர் எட்வர்ட் கென்னடியின் மகனுக்கு 1973இல், 12 வயதில், இந்த நோய் வந்து காலை எடுத்தார்கள். அப்போது இந்த நோய்க்குப் புதிதாகச் சோதித்துக்கொண்டிருந்த மெத்தோட்ரெக்சேட் என்ற கீமோ மருந்தை இரண்டு வருடம் கொடுத்தார்கள். அவர் பிழைத்து வளர்ந்து, கனெக்டிகட் மாநில செனட்டராகவும் இருந்தார். கனடாவின் டெர்ரி ஃபாக்ஸுக்கு 1977இல், 18 வயதில் வந்தது. அவருக்கும் காலை எடுத்தார்கள், கீமோ கொடுத்தார்கள். 1980இல் புற்றுநோய் ஆராய்ச்சிக்குப் பணம் திரட்ட, செயற்கைக் காலோடு 143 நாள் ஓடி 5,373 கிலோமீட்டர் கடந்தார். நுரையீரலில் திரும்பி வந்துவிட்டதால் ஓட்டத்தை நிறுத்தினார், 1981இல் இறந்தார். இருவருடைய கதையையும் சொல்வது, உங்களிடம் எதையும் மறைக்கக் கூடாது என்பதற்காக. கடுமையான நோய்தான். ஆனால் கை கழுவிவிட வேண்டிய நோய் அல்ல.

கீமோவைப் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்லாததைச் சொல்கிறேன். முதலில் இரண்டரை மாதம் போலக் கீமோ, அப்புறம் ஆபரேஷன், அதற்கப்புறம் மறுபடி கீமோ. எல்லாம் முடிய முக்கால் வருடம் ஆகிவிடும். டாக்சோரூபிசின் என்ற கீமோ மருந்து சிவப்பாக இருக்கும். மறுநாள் சிறுநீரும் சிவப்பாகப் போகும்; ரத்தம் என்று பயப்பட வேண்டாம். அதிக அளவு மெத்தோட்ரெக்சேட் மஞ்சளாக இருக்கும். எல்லா மருத்துவமனையிலும் அதைக் கொடுப்பதில்லை, வேறு மருந்துகள் சேர்த்தும் கொடுக்கிறார்கள். கொடுக்கிற இடத்தில் வேலை அதிகம். டிரிப்ஸ் ஓடிக்கொண்டே இருக்கும், சிறுநீரை அளவுக் குடுவையில் பிடித்து நோட்டில் எழுத வேண்டும். ஒரு பட்டைக் காகிதத்தை அதில் முக்கி, டப்பாவின் மேல் ஒட்டியிருக்கும் வண்ணக் கட்டங்களோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். புளிப்புத்தன்மை கூடினால் மருந்து சிறுநீரகத்தில் படிந்துவிடும். டியூப் லைட் வெளிச்சத்தில் அந்தப் பச்சை எந்தக் கட்டத்துப் பச்சை என்று தெரியாமல் ஜன்னல் பக்கம் எடுத்துப் போய்ப் பார்ப்பேன், பக்கத்துப் படுக்கைப் பையனின் அம்மாவிடமும் காட்டுவேன். பிறகு மருந்தின் நச்சை முறிக்க, மணி தவறாமல் லூக்கோவோரின் என்ற மாற்று மருந்து. ரத்தத்தில் மருந்து அளவு இறங்கும்வரை வீட்டுக்கு விட மாட்டார்கள். தாளிக்கிற வாசனை தம்பிக்கு ஆகாமல் போனது. ரத்தத்தில் வெள்ளை அணுக்களின் கவுண்ட் இறங்கிக் காய்ச்சல் வந்தால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள், அந்த நேரத்திலேயே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். சிஸ்பிளாட்டின் என்ற இன்னொரு கீமோ மருந்து காதைப் பாதிக்கலாம், சிவப்பு மருந்து இதயத்தைப் பாதிக்கலாம். அதற்கெல்லாம் பரிசோதனை வைத்துக்கொண்டே கொடுப்பார்கள். பையனாக இருந்தால் கீமோ தொடங்கும் முன்பே விந்தணு சேமித்து வைப்பதைப் பற்றிக் கேளுங்கள். அக்காவாக எனக்கு அதைக் கேட்க வாய் வரவில்லை. டாக்டரே அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்.

இதற்கு நடுவில் பாதியில் நிறுத்திவிட்டுப் போனவர்களைப் பார்த்தேன். வலி குறைந்தது, வீக்கம் வற்றியது, "சரியாப் போச்சு, இனி மூலிகை பாத்துக்கலாம்" என்று கிளம்பிவிடுவார்கள். கீமோவில் வீக்கம் வற்றினால் மருந்து கேட்கிறது என்று அர்த்தம், நோய் போய்விட்டது என்று அர்த்தம் இல்லை. தயவுசெய்து நிறுத்தாதீர்கள்.

தம்பிக்குக் காலை எடுக்கவில்லை. கட்டி இருந்த எலும்புப் பகுதியை மூட்டோடு எடுத்துவிட்டு, உலோகத்தில் செய்த நீளமான மூட்டை வைத்தார்கள். இந்த மாதிரி மூட்டுகளை நம் நாட்டிலேயே செய்கிறார்கள். சென்னையில் டாக்டர் மயில்வாகனன் நடராஜன் போன்றவர்கள் பல வருடங்களுக்கு முன்பே இதைச் செய்யத் தொடங்கிவிட்டார்கள். எடுத்த எலும்பைச் சோதித்ததில் 90 சதவீதத்துக்கு மேல் புற்றுச் செல்கள் செத்திருந்தன என்று ரிப்போர்ட் வந்தது. அந்த எண் நல்ல அறிகுறி. எல்லோருக்கும் காலைக் காப்பாற்ற முடியாது; ரத்தக் குழாயும் நரம்பும் சிக்கியிருந்தால் எடுப்பதுதான் உயிருக்கு நல்லது. தம்பியால் இன்று நடக்க முடியும், மாடி ஏற முடியும். ஓடவும் குதிக்கவும் கூடாது, குத்துக்காலிட்டு உட்கார முடியாது. வீட்டில் வெஸ்டர்ன் டாய்லெட் கட்டினோம். மூட்டில் கிருமி வராமல் ஆயுசுக்கும் பார்த்துக்கொள்ள வேண்டும், ஒரு காலத்தில் மாற்றவும் வேண்டி வரலாம்.

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்றையும் எழுதிவிடுகிறேன், மன்னிக்க வேண்டும். அவன் சிகிச்சை முடித்து வந்த சமயம் எனக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பூ வைக்கத் தேதி குறித்த பிறகு "அந்த வீட்டுல கேன்சர் இருக்கு, நாளைக்குப் பிள்ளைக்கும் வரும்" என்று யாரோ போய்ச் சொல்ல, சம்பந்தம் நின்றது. சொன்னது எங்கள் நெருங்கிய சொந்தம். என் கல்யாணம் நின்றதைவிட, தம்பி "என்னாலதானே அக்கா" என்று கேட்டது இன்றும் ஆறவில்லை. இந்த நோய் ஒட்டிக்கொள்ளாது. பெரும்பாலானவர்களுக்குப் பரம்பரையாகவும் வருவதில்லை. சில குடும்பங்களில் மட்டும் மரபணுக் கோளாறு இருக்கும். சின்ன வயதில் கண்ணில் ரெட்டினோபிளாஸ்டோமா என்ற புற்றுநோய் வந்த சில பிள்ளைகளுக்குப் பின்னாளில் இது வரும் வாய்ப்பு கூடுதல். அப்படி ஏதும் இருந்தால் டாக்டரே கேட்டு எழுதிக்கொள்வார். வாயில் வந்ததைப் பேசி ஒரு குடும்பத்தை ஊருக்கு முன்னால் கூனிக் குறுக வைப்பவர்கள், ஒரு முறை அந்த வார்டுக்குள் போய்விட்டு வந்து பேசட்டும்.

சிகிச்சை முடிந்த பிறகு முதல் இரண்டு மூன்று வருடம்தான் நோய் திரும்பி வரும் ஆபத்து அதிகம், அதுவும் பெரும்பாலும் நுரையீரலில். அதனால் அந்தக் காலத்தில் மார்பு ஸ்கேனைத் தள்ளிப் போடாதீர்கள். நாங்கள் அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டோம், ஆனாலும் வருடாந்திரப் பரிசோதனைக்குப் போகிறோம்.

நீங்கள் நாளைக்கு டாக்டரைப் பார்க்கப் போவதாக இருந்தால், பயாப்சி எங்கே, யார் எடுப்பது என்று முதலில் கேளுங்கள். பிள்ளைகளுக்கான புற்றுநோய் மருத்துவரும் எலும்புப் புற்று அறுவை செய்பவரும் ஒரே இடத்தில் இருக்கும் ஆஸ்பத்திரியாகப் பாருங்கள். தமிழ்நாட்டில் இருந்தால் முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டு அட்டை இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் குடும்ப அட்டை, ஆதார், வருமானச் சான்று எடுத்துக்கொண்டு வீட்டில் ஒருவர் கலெக்டர் ஆபீசில் இருக்கும் காப்பீட்டுத் திட்ட மையத்துக்கு இப்போதே போய்விடுங்கள். பிள்ளையை அட்மிட் செய்த பிறகு அதற்கு அலைய ஆள் இருக்காது.