எட்டு மாத டிப்ளோமா முடித்தால் உளவியலாளர் ஆகலாமா?

கேள்வி: மகள் இந்த முறை கலைப்பிரிவில் உயர்தரம் எழுதியிருக்கிறாள். உளவியலாளராகத்தான் வருவேன் என்று நிற்கிறாள். நகரில் ஒரு தனியார் நிறுவனம் ‘உளவியல் மற்றும் உளவளத்துணை டிப்ளோமா’ நடத்துகிறது. எட்டு மாதம், சனிக்கிழமைகளில் மட்டும் வகுப்பு, 185,000 ரூபா. முடித்ததும் அவர்களே தமிழ்நாட்டில் தபால்வழி எம்.எஸ்ஸிக்குப் பதிந்து தருவார்களாம். பிறகு கிளினிக் போட்டு மாதம் இரண்டு லட்சம் உழைக்கலாமாம். 25,000 முற்பணம் கட்டிவிட்டோம். மிச்சத்தைக் கட்டலாமா? இந்த வேலை உண்மையில் எப்படிப்பட்டது? — ஒரு தாய், உவர்மலை

பதில்: மிச்சத்தைக் கட்டாதீர்கள், அம்மா. முற்பணத்தைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். பட்டம், டிப்ளோமாக்களை மட்டம் பிரிக்கும் இலங்கைத் தகைமைகள் சட்டகத்தில் டிப்ளோமா என்பது மூன்றாம் மட்டம். அதற்கு 30 திறமைப் புள்ளிகள் (கிரெடிட்) வேண்டும். ஒரு புள்ளிக்கு 50 மணித்தியாலக் கற்றல் என்றால் மொத்தம் 1,500 மணித்தியாலம். வீட்டில் படிப்பதும் ஒப்படை எழுதுவதும் இதற்குள் அடக்கம்தான். எட்டு மாதத்தில் வருவது முப்பத்து நான்கு சனிக்கிழமை. ஒரு நாளைக்கு நாலு மணித்தியாலம் என்று வைத்தாலும் 136 மணித்தியாலம், அதிலும் போயா விடுமுறை கழியும். மிச்சம் ஆயிரத்து முந்நூற்றுச் சொச்சம் மணித்தியாலத்தை உங்கள் மகள் வீட்டிலிருந்து படித்தாள் என்று யார் கணக்கு வைக்கப் போகிறார்கள்? கையேட்டில் ‘டிப்ளோமா’ என்று அச்சிட்டிருப்பதால் அது டிப்ளோமா ஆகிவிடாது. எந்த மட்டம், எத்தனை புள்ளி, யார் அங்கீகரித்தது என்ற மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். எழுத்தில் தர மாட்டார்கள்.

‘நாங்கள் அரசாங்கத்தில் பதிந்த நிறுவனம்’ என்பார்கள். கம்பனிப் பதிவு என்றால் கடை போடப் பதிந்திருக்கிறார்கள் என்றுதான் பொருள். மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவு இருந்தால் அது ஒரு படி மேல். ஆனால் அந்தப் பதிவும் உங்கள் மகளுக்கு நோயாளிகளைப் பார்க்கும் உரிமையைத் தராது. இன்னொரு வித்தை, சுவரில் அமெரிக்க உளவியல் சங்கத்தின் அங்கத்துவச் சான்றிதழைக் கண்ணாடி போட்டு மாட்டி வைப்பது. அந்தச் சங்கத்தில் மாணவர்களும் வெளிநாட்டவரும் ஆண்டுச் சந்தா கட்டி இணை அங்கத்தவராகலாம். வாசிகசாலை அட்டை வைத்திருப்பவரை நாம் எழுத்தாளர் என்பதில்லையே.

தமிழ்நாட்டுத் தபால்வழி எம்.எஸ்ஸி கதை இதைவிட மோசம். இளமாணிப் பட்டம் இல்லாத பிள்ளையை முதுமாணிக்குப் பதிகிறேன் என்பதிலேயே பொய் வெளிக்கிறது. பட்டம் இருந்தாலும் அந்த வழி இப்போது அடைபட்டுவிட்டது. இந்தியாவின் பல்கலைக்கழக மானியக் குழு 2025 ஆகஸ்டில் உளவியலையும் வேறு சில சுகாதாரத் துறைப் பாடங்களையும் தொலைக்கல்வியில் நடத்தக் கூடாது என்று அறிவித்தது. அந்த ஆண்டு யூலை-ஆகஸ்ட் சேர்க்கையிலிருந்தே அது நடைமுறை. அதற்குப் பிறகும் ‘சேர்த்து விடுகிறேன்’ என்பவர் ஒன்றில் செய்தி தெரியாதவர், அல்லது தெரிந்தும் தரகுக் காசுக்கு நிற்பவர். இரண்டில் எதுவானாலும் பிள்ளையின் படிப்பை அவர் கையில் கொடுக்க முடியாது.

இனி வேலையைப் பற்றி. மருந்து எழுதுவது உளநல வைத்தியர். அவர் மருத்துவப் பட்டம் பெற்று அதன் மேல் உளமருத்துவம் படித்தவர். உளவியலாளர் மருந்து எழுத முடியாது. அவருடைய கருவி பேச்சு, கேள்வி, சோதனைத்தாள், வீட்டு வேலை. ‘சும்மா ஆறுதலாகக் கதைக்கிற வேலை’ என்று நினைப்பவர்கள் ஒரு முதல் அமர்வு எப்படிப் போகிறது என்று தெரிந்துகொள்வது நல்லது.

வெருகலிலிருந்தோ மூதூரிலிருந்தோ ஒரு பெண் பஸ் பிடித்து வருகிறாள் என்று வையுங்கள். கூடவே மாமியார். ‘மனச்சோர்வு’ என்று அவள் வாயால் சொல்ல மாட்டாள். நெஞ்செரிவு, தலை கனக்குது, கை கால் உளைவு, ஒரே யோசனை, நித்திரை இல்லை என்பாள். பாதிக் கேள்விக்கு மாமியார்தான் பதில் சொல்லுவார். முதல் வேலை மாமியாரை மரியாதை குறையாமல் வெளியே இருத்துவது. ‘அம்மா, உங்களோடு பிறகு தனியாகக் கதைக்க வேணும், கொஞ்சம் வாங்கில் இருங்கோ’ என்று சொல்லத் தெரிய வேண்டும். இல்லாவிட்டால் அந்தப் பெண் அடுத்த முறை வரமாட்டாள். பிறகு நித்திரை, சாப்பாடு, மாதவிடாய், கடன், அடி, குடி என்று ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும். மனச்சோர்வை அளக்க பி.எச்.கியூ-9 என்று ஒன்பது கேள்விகள் கொண்ட ஒரு தாள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 27. பத்தும் அதற்கு மேலும் வந்தால் கவனமாகத் தொடர்ந்து பார்க்க வேண்டும். ஒன்பதாவது கேள்வி சாவைப் பற்றியது. மொத்தம் ஐந்துதான் வந்தாலும் அந்த ஒரு கேள்விக்குப் பூச்சியம் தவிர எது வந்தாலும் அங்கேயே நின்று, சுற்றி வளைக்காமல் கேட்க வேண்டும்: சாக வேண்டும் என்று தோன்றியதா, எப்படி என்று யோசித்தீர்களா, வீட்டில் பயிருக்கு அடிக்கும் கிருமிநாசினி இருக்கிறதா, யார் கையில் இருக்கிறது. கேட்டால் எண்ணம் வந்துவிடும் என்பது பிழையான பயம். கேட்காமல் விடுவதில்தான் ஆபத்து.

அதோடு முடியவில்லை. தைரொயிட் சுரப்புக் குறைந்தாலும் இதே உடல் அலுப்பு, இதே மந்தம் வரும். இரத்தப் பரிசோதனைக்கு வைத்தியரிடம் அனுப்பாமல் மாதக்கணக்கில் ‘கவுன்சலிங்’ கொடுத்துக்கொண்டிருந்தால் பெண் வீங்குவாளே தவிர, சுகமாக மாட்டாள். காதில் குரல் கேட்கிறது, பக்கத்து வீட்டார் உணவில் எதையோ கலக்கிறார்கள் என்று ஒரு பொடியன் சொன்னால் அது பேச்சால் மட்டும் தீரும் விடயம் அல்ல, அன்றே பொது வைத்தியசாலை உளநலப் பிரிவுக்குப் போக வேண்டும். எதைத் தன்னால் முடியாது என்று அறிவதுதான் இந்தப் படிப்பின் பெரும்பகுதி. சனிக்கிழமை வகுப்பில் அதைக் கற்றுத்தர ஆளில்லை, நோயாளியும் இல்லை, பக்கத்தில் இருந்து திருத்தும் மேற்பார்வையாளரும் இல்லை.

இரண்டு லட்சக் கணக்குக்கு வருவோம். ஓர் அமர்வு 45, 50 நிமிடம். குறிப்பு எழுதப் பத்துப் பதினைந்து நிமிடம். ஒரு நாளில் ஐந்து, ஆறு பேருக்கு மேல் பார்த்தால் ஆறாவது ஆள் சொல்வது காதில் விழாது. அமர்வுக்கு 2,000 ரூபா என்று வைத்தாலும் இரண்டு லட்சத்துக்கு மாதம் நூறு அமர்வு வேண்டும். அறை வாடகையைக் கழிக்கவில்லை. திருகோணமலையில் நூறு அமர்வுக்குக் காசு கொடுத்து வருவார்களா? ஒரு பதட்டப் பிரச்சினைக்குப் பத்துப் பன்னிரண்டு அமர்வாவது வேண்டும். நம் ஆட்கள் இரண்டாவதோடு நிறுத்திவிட்டு நேர்த்தி வைப்பார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை, பஸ் காசும் ஒரு நாள் கூலியும் போகிறது. ஊர் வேறு சிறியது. காலையில் அறையில் அழுத பெண்ணை மாலையில் சந்தையில் காண்பீர்கள். முகம் தெரியாதவர் போலக் கடந்து போகவும் பழக வேண்டும்.

அரச வேலை என்றால் பதவிகள் குறைவு. சுனாமிக்குப் பிறகும் யுத்தத்துக்குப் பிறகும் இந்த மாவட்டத்தில் எத்தனையோ உளசமூகத் திட்டங்கள் வந்தன. வாகனம், பதாகை, பயிலரங்கு, சிற்றுண்டி. நிதி முடிந்ததும் ஒப்பந்தமும் முடிந்தது, பயிற்சி பெற்றவர்கள் வேறு வேலைக்குப் போனார்கள். தமிழில் வேலை செய்யும் பயிற்றப்பட்ட உளவியலாளரை நிரந்தரமாக நியமிப்பதற்கு இவ்வளவு காலம் எடுக்கும் அமைச்சுகள், யார் வேண்டுமானாலும் ‘உளவளத்துணையாளர்’ என்று பலகை மாட்டுவதைக் கண்டுகொள்வதே இல்லை. அந்த ஓட்டைக்குள்தான் உங்களிடம் 25,000 வாங்கியவர் கதிரை போட்டு இருக்கிறார்.

சரியான வழி நீளமானது. உயர்தரத்தில் உளவியல் என்று பாடம் இல்லை, அதனால் மகள் எடுத்த பாடங்கள் எதுவும் வீணில்லை. பல்கலைக்கழக அனுமதிக்கான இசட் புள்ளி வந்ததும் யாழ்ப்பாணம், பேராதனை கலைப்பீடங்களுக்கு விண்ணப்பியுங்கள். முதலாம் ஆண்டில் உளவியலை எடுத்து, பெறுபேறு போதுமானால் நான்காண்டுச் சிறப்புப் பட்டத்துக்குப் போகலாம். வைத்தியசாலையில் மருத்துவ உளவியலாளராக வேலை செய்யும் எண்ணம் இருந்தால் அதற்கு மேல் கொழும்புப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ உளவியல் எம்.ஃபில் போன்ற பயிற்சியும் இலங்கை மருத்துவ சபைப் பதிவும் வேண்டும். எல்லாம் முடிய முப்பதை எட்டும் வயதாகும். இடம் கிடைக்காமல் தனியார் பட்டத்துக்குப் போவதானால், 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகச் சட்டத்தின்படி அந்தக் குறிப்பிட்ட பட்டம் வர்த்தமானியில் வந்திருக்கிறதா என்று பாருங்கள். நிறுவனத்தின் பெயர் மட்டும் இருந்தால் போதாது. பெறுபேறு வரும்வரை ஆங்கிலமும் சிங்களமும் படிக்கட்டும். கந்தளாயிலிருந்து வரும் சிங்களத் தாயிடம் மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டு படுக்கையறைச் சண்டையைக் கேட்க முடியாது.

ஒரு விதிவிலக்கைச் சொல்லத்தான் வேண்டும், ஏனென்றால் இதைப் படித்துவிட்டு ஆசிரியர்கள் கோபிப்பார்கள். ஏற்கெனவே வேலையில் இருப்பவருக்கு நல்ல உளவளத்துணை டிப்ளோமா பயன் தரும். ஆசிரியர், தாதி, குடும்பநல உத்தியோகத்தர், பிரதேச செயலகத்தில் பெண்கள், சிறுவர் பிரிவுகளில் இருப்பவர்கள், மதகுருமார், மௌலவிமார் எல்லோரும் படிக்கலாம். அவர்களிடம் ஆட்கள் எப்படியும் வருகிறார்கள், கேட்கப் பழகுவதும் அடையாளம் கண்டு அனுப்பப் பழகுவதும் அவர்களுக்கு வேண்டியதே. சம்பளமும் பதவியும் வேறிடத்திலிருந்து வருகிறது, ஆகவே டிப்ளோமாவை நம்பிப் பிழைக்க வேண்டியதில்லை. ஆனால் அவர்களும் பல்கலைக்கழகம் நடத்தும் பாடநெறியாகப் பார்த்து, கண்காணிப்புடன் செய்முறை உண்டா என்று கேட்டுத்தான் சேர வேண்டும். முடித்த பின் ‘உளவியலாளர்’ என்று போட்டுக்கொள்ளக் கூடாது. உங்கள் மகள் இந்த வகைக்குள் இன்று வரவில்லை. நாளை ஆசிரியராகி, பிறகு படித்தால் நானே போகச் சொல்லுவேன்.

முற்பணத்துக்கு: பற்றுச்சீட்டை எடுத்துப் பாருங்கள். ‘திருப்பித் தரப்படாது’ என்று அதில் இல்லாவிட்டால் நல்லது, இருந்தாலும் விட்டுவிடாதீர்கள். மட்டம், புள்ளி, அங்கீகாரம் ஆகியவற்றைக் கேட்டு ஒரு கடிதம் எழுதி, பதிவுத்தபாலில் அனுப்பி, 14 நாள் அவகாசம் கொடுங்கள். கையேட்டையும் வாட்ஸ்அப்பில் அனுப்பிய ‘மாதம் இரண்டு லட்சம்’ வாக்குறுதியையும் படம் பிடித்து வையுங்கள், பிறகு அழித்துவிடுவார்கள். பதில் வராவிட்டால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு அழைத்து முறையிடுங்கள். மிச்சத்தைக் கட்டினால் முற்பணத்தைக் கழித்துத் தருகிறோம் என்று அவர்கள் அழைத்தால், கதைக்காமல் வையுங்கள்.