யாருடைய முன்பக்கம்? கணினி விளையாட்டு: கேள்வி பதில்

விளையாட்டில் பொருட்களை அவற்றின் சொந்த அச்சில் நகர்த்துவது பற்றி வன்னியிலிருந்து வந்த கேள்விகளுக்கு இன்று பதில் எழுதுகிறேன்.

மாங்குளம்: அக்கா, யூனிட்டி என்ற விளையாட்டு உருவாக்கும் மென்பொருளில் உழவு இயந்திரம் ஓட்டும் விளையாட்டு செய்கிறேன். வண்டி திரும்புகிறது, ஓட்டம் மட்டும் பழைய திசையிலேயே இருக்கிறது. நண்டு போலப் போகிறது.

தம்பி, நீங்கள் வண்டியின் இடத்துடன் கூட்டுவது வெக்டர்3.ஃபோர்வர்ட். அது (0, 0, 1) என்ற மாறாத காவி (அளவும் திசையும் கொண்ட கணியம்), உலகத்தின் முன்பக்கம். ஏ-9 வீதியில் வடக்கே போகும் பஸ் பரந்தன் சந்தியில் முல்லைத்தீவுப் பக்கம் திரும்பினால், வடக்கு இருந்த இடத்திலேயே இருக்கும்; சாரதியின் முன்பக்கம் கிழக்காகிவிடும். உங்களுக்கு வேண்டியது சாரதியின் முன்பக்கம். அதுதான் ட்ரான்ஸ்ஃபோர்ம்.ஃபோர்வர்ட். வண்டி மேல்நோக்கிய வை அச்சைச் சுற்றி 30 பாகை திரும்பினால் அதன் பெறுமானம் (0.5, 0, 0.866).

இன்னொரு சிக்கலும் உண்டு. பொருளை நகர்த்தும் டிரான்ஸ்லேட் கட்டளை, நீங்கள் வேறு சொல்லாவிட்டால், கொடுத்த காவியைப் பொருளின் சொந்த அச்சுகளில்தான் எடுத்துக்கொள்ளும். அதற்குள் ட்ரான்ஸ்ஃபோர்ம்.ஃபோர்வர்டைக் கொடுத்தால் திருப்பம் இரண்டு தடவை சேரும்; 90 பாகை திரும்பிய வண்டி 180 பாகைத் திசையில் ஓடும். டிரான்ஸ்லேட்டுக்கு வெக்டர்3.ஃபோர்வர்ட், நேரடியாக இடத்துடன் கூட்டுவதற்கு ட்ரான்ஸ்ஃபோர்ம்.ஃபோர்வர்ட்.

எதை எழுதும் முன்னும் பொருளின் மூன்று அச்சுகளையும் திரையில் வரைந்து பாருங்கள்.

பரந்தன்: புதிய கணினியில் பாத்திரம் பறக்கிறது, பழையதில் ஊர்கிறது.

வேகத்தை டைம்.டெல்டாடைமால், அதாவது முந்தைய சட்டத்திலிருந்து (ஃபிரேம்) கடந்த நேரத்தால், பெருக்குங்கள். இல்லாவிட்டால் நொடிக்கு 60 சட்டம் ஓடும் கணினியில் 30 ஓடுவதைவிட இரு மடங்கு தூரம் போகும்.

முல்லைத்தீவு: பிளெண்டர் என்ற முப்பரிமாண உருவ மென்பொருளில் செய்த வள்ளம் பக்கவாட்டில் ஓடுகிறது.

வெறுமையான ஒரு தாய்ப் பொருளை உருவாக்கி, வள்ளத்தை அதன் பிள்ளையாக்குங்கள். பிள்ளையைத் திருப்பி அணியத்தை, அதாவது வள்ளத்தின் முன்முனையை, தாயின் இசட் அச்சுக்கு நேராக வையுங்கள். நகர்த்துவது தாயை மட்டும். முதலில் அச்சுகளை வரையுங்கள்.

வவுனியா, கணித ஆசிரியர்: உயர்தர மாணவர்களுக்கு வலக்கை முறையில், இசட் மேல்நோக்கி இருக்கப் படிப்பிக்கிறோம். யூனிட்டி வை அச்சை மேலே வைப்பது பிழையல்லவா?

பிழையில்லை, சேர். அது உடன்பாடு. பெருவிரல் எக்ஸ், சுட்டுவிரல் வை, நடுவிரல் இசட் என்று எந்தக் கையால் பிடிக்கிறோம் என்பதுதான் வலக்கை, இடக்கை. யூனிட்டி இடக்கை, வை மேலே, இசட் முன்னே. வேறு விளையாட்டு மென்பொருட்களில், அன்ரியல் இடக்கை, இசட் மேலே, எக்ஸ் முன்னே. கோடோ வலக்கை, வை மேலே. அங்கே முன்பக்கம் இசட் அச்சின் மறைத் திசை. பிளெண்டர்தான் உங்கள் கரும்பலகை போல: வலக்கை, இசட் மேலே.

அவரே: அப்படியானால் இரு காவிகளுக்கும் செங்குத்தான காவியைத் தரும் குறுக்குப் பெருக்கமும் மாறிவிடுமே?

எண்கள் மாறாது, சேர். (1, 0, 0) ஐ (0, 1, 0) ஆல் குறுக்காகப் பெருக்கினால் எங்கும் (0, 0, 1) தான். அந்த விடையை எந்தக் கையால் காட்டுகிறோம் என்பதுதான் மாறும். என் மேசையில் ஒரு தீப்பெட்டி இருக்கிறது. மூன்று ஈர்க்குகளைக் குத்தி, எக்ஸுக்குச் சிவப்பு, வைக்குப் பச்சை, இசட்டுக்கு நீலம் என்று நூல் சுற்றியிருக்கிறேன். நீல ஈர்க்கைப் பிடுங்கி எதிர்ப்பக்கம் குத்தினால் வலக்கை இடக்கையாகிவிடும்.

அவரே: பிள்ளைகள் குழம்புவார்கள். ஒன்றை மட்டும் படிப்பிப்பதே நல்லது.

இதில் நான் உடன்படமாட்டேன். ஒன்றை மட்டும் படித்த பிள்ளைதான் வேறு மென்பொருளுக்குப் போனதும் தன் கணக்கு பிழை என்று நினைத்து அழிக்கிறது. இரண்டு கையையும் காட்டுங்கள், சேர். தீப்பெட்டியை வகுப்புக்குக் கொண்டுபோங்கள்.

மல்லாவி: வண்டி திரும்பினாலும் பழைய பக்கமே ஓடுகிறது.

மாங்குளத்துக்கு எழுதிய பதில்.

துணுக்காய்: இருபரிமாண விளையாட்டில் ட்ரான்ஸ்ஃபோர்ம்.ஃபோர்வர்ட் கொடுத்தேன். படம் அசையவில்லை.

அசைகிறது, திரைக்குள்ளே போகிறது. படத்தின் முகம் பார்க்கும் பக்கத்தைப் பொறுத்து ட்ரான்ஸ்ஃபோர்ம்.அப் அல்லது ட்ரான்ஸ்ஃபோர்ம்.ரைட் பயன்படுத்துங்கள். அச்சை வரைந்திருந்தால் இது உடனே தெரிந்திருக்கும்.

புளியங்குளம்: எந்த மடிக்கணினி வாங்கலாம்?

அது என் துறையில்லை, கடையில் கேளுங்கள்.

ஒட்டுசுட்டான்: ரிஜிட்பாடி (பொருளை இயற்பியல் விதிப்படி இயக்கும் கூறு) பூட்டிய வண்டியும் திரும்பினால் பழைய திசையில்தான்...

மூன்றாவது தடவை. மாங்குளத்துப் பதிலைப் படியுங்கள். ஆனால் ரிஜிட்பாடி இருந்தால் இடத்தை நேரடியாக மாற்றாதீர்கள், சுவருக்குள் புகும். சொந்த அச்சில் விசை கொடுக்கும் ஆட்ரிலேட்டிவ்ஃபோர்ஸை, இயற்பியல் கணக்கு நடக்கும் ஃபிக்ஸ்ட்அப்டேட்டுக்குள் எழுதுங்கள்.

மாங்குளம், மறுபடியும்: சரியாக ஓடுகிறது, அக்கா! வரப்பில் ஏறும்போது மட்டும் மூக்கு நிமிர்ந்து வானத்துக்குப் போகிறது.

மூக்கு நிமிர்ந்தால் அதன் முன்பக்கமும் நிமிரும், தம்பி. முன்திசைக் காவியை புரொஜெக்ட்ஆன்பிளேன் மூலம் நிலத்தின் தளத்தில் விழுத்தி, நீளத்தை மறுபடி 1 ஆக்கிப் பெருக்குங்கள். நிலத்தின் செங்குத்துக் காவியைக் கீழ்நோக்கி ஒரு ரேகாஸ்ட் (கண்ணுக்குத் தெரியாத கதிர்) விட்டு எடுக்கலாம். வரப்பு முடிந்து வயலில் இறங்கும்போதும் சக்கரம் மண்ணை விடாது.