நிறுத்திய சேவருக்கும் ஏன் பில் வருகிறது?

கேள்வி: நாங்கள் புதுக்குடியிருப்பில் உயர்தர மாணவர்களுக்கு ரியூசன் நிலையம் நடத்துகிறோம். பாட வீடியோக்களுக்காக அமேசன் வெப் சேர்விசஸில் (இணையம் வழியாகக் கணினியை வாடகைக்குத் தரும் கிளவுட் சேவை) ஒரு சேவர் எடுத்திருந்தோம். சித்திரை விடுமுறை வருகிறதென்று மார்ச் கடைசியிலேயே அதை ஸ்ரொப் பண்ணிவிட்டோம். மே தொடக்கத்தில் பார்த்தால் கார்ட்டில் 61.60 டொலர் வெட்டுப்பட்டிருக்கிறது. அதற்கு முந்திய மாதங்களில் ஒரு சதமும் போனதில்லை. ஓடாத சேவருக்கு எப்படிக் காசு? திருப்பிக் கேட்க வழி உண்டா? பில்லின் படத்தை இணைத்திருக்கிறேன். (வாசகி, புதுக்குடியிருப்பு)

பதில்: நீங்கள் அனுப்பிய படத்திலேயே பதில் இருக்கிறது. நான்கே நான்கு வரிகள். நாட் கேட்வே (உள்ளே இருக்கும் சேவர்கள் இணையத்துக்குப் போகும் வாசல்) 720 மணித்தியாலம், மணிக்கு 0.045 டொலர் வீதம் 32.40. பொது ஐபி முகவரி (இணையத்தில் இடத்தைக் காட்டும் இலக்கம்) 1,440 மணித்தியாலம், மணிக்கு 0.005 வீதம் 7.20. டிஸ்க் 200 கிகாபைட், ஒன்றுக்கு 0.08 வீதம் 16.00. ஸ்னாப்ஷொட் (டிஸ்க்கின் நகல்) 120 கிகாபைட், 0.05 வீதம் 6.00. சேவர் ஓடியதற்கென்று ஒரு வரிகூட இல்லை. நீங்கள் ஸ்ரொப் பண்ணியது சரியாகத்தான் வேலை செய்திருக்கிறது. ஆனால் சேவரைச் சுற்றி வைத்த மற்றச் சாமான்கள் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி மீற்றர். விதைப்பு இல்லாத வயலுக்கும் வாய்க்கால் கதவு திறந்திருந்தால் தண்ணீர் பாய்வது மாதிரி, அவை மாதம் முழுக்க ஓடியிருக்கின்றன. ஏப்ரலுக்கு 30 நாள், அதாவது 720 மணித்தியாலம். முகவரிக் கணக்கு அதன் இரட்டிப்பாக இருப்பதால் உங்களிடம் இரண்டு முகவரிகள் இருக்கின்றன: ஒன்று கேட்வேயோடு, மற்றது நிறுத்திய சேவரோடு. பொது ஐபிவி4 (பழைய வகை ஐபி) முகவரிகள் எல்லாவற்றுக்கும், பாவனையில் இருந்தாலும் சும்மா கிடந்தாலும், 2024 பெப்ரவரி 1 முதல் காசு அறவிடப்படுகிறது. பழைய யூரியூப் பாடங்களில் இந்தச் செலவைச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

முந்திய மாதங்களில் ஏன் போகவில்லை? பெப்ரவரி பில்லைத் திறந்து கிரெடிட் என்ற வரியைப் பாருங்கள். இதே செலவு அப்போதும் இருந்திருக்கும். புதுக் கணக்குக்குத் தந்த கிரெடிட்டில் கழிபட்டிருக்கும். கிரெடிட் தீர்ந்த பிறகுதான் கார்ட்டுக்கு வந்திருக்கிறது. பில் பூச்சியமாக இருந்தால் செலவும் பூச்சியம் என்று பலர் நம்பிவிடுகிறார்கள். வன்னியில் சிறு நிலையங்களில் இருந்து எனக்கு வரும் கடிதங்களில் பாதி இந்த இடத்தில்தான் வந்து நிற்கிறது.

முதலில் ஓட்டத்தை நிறுத்துங்கள், பிறகு எழுதுங்கள். கேட்வே ஓடிக்கொண்டிருக்கும்போது முறைப்பாடு எழுதினால், பதில் வருவதற்குள் இன்னும் சில டொலர் ஏறும். அவர்களும் முதலில் அதை அழிக்கத்தான் சொல்வார்கள். எதையும் அழிக்க முன்னர் பில் பக்கத்தையும், ஒவ்வொரு சாமானும் இருக்கும் பக்கத்தையும் படமெடுத்து வையுங்கள். அதன் பிறகு விபிசி (சேவரின் வலையமைப்பு) பக்கத்தில் நாட் கேட்வேயை டிலீற் பண்ணுங்கள். இங்கேதான் பலர் தவறுகிறார்கள்: கேட்வேயை அழித்தாலும் அதோடு இருந்த எலாஸ்ரிக் ஐபி (நிலையான பொது ஐபி முகவரி) அழியாது. சில நிமிடம் பொறுத்து, எலாஸ்ரிக் ஐபி பக்கத்துக்குப் போய் அதை ரிலீஸ் பண்ண வேண்டும். நிறுத்திய சேவரின் முகவரியையும் அப்படியே விடுவியுங்கள். விடுவித்த முகவரி திரும்பக் கிடைக்கும் என்று நம்ப முடியாது என்பதால், உங்கள் டொமைன் (வெப்சைட்டின் பெயர்) அதைக் காட்டிக்கொண்டிருந்தால் அந்தப் பதிவையும் மாற்ற வேண்டும். டிஸ்க்கில் இருக்கும் வீடியோக்கள் வேறிடத்தில் இருக்கின்றனவா என்று பார்த்த பின்னரே டிஸ்க்கையும் ஸ்னாப்ஷொட்டையும் தொடுங்கள்.

கொன்சோலின் (கணக்கை நிர்வகிக்கும் பக்கத்தின்) மேல் மூலையில் எந்தப் பிராந்தியம் (சேவர்கள் இருக்கும் இடம்) தெரிகிறது என்பதையும் கவனியுங்கள். உங்கள் பில் வடக்கு வேர்ஜினியாவுக்கு வந்திருக்கிறது. நீங்கள் மும்பாய்ப் பக்கத்தைத் திறந்துவிட்டு "இங்கே ஒன்றுமில்லையே" என்று தேடிக்கொண்டிருப்பீர்கள். பில்லில் சேவையின் பெயரை விரித்தால் பிராந்தியமும் வரும்.

இனிக் கடிதம். சப்போட் பக்கத்தில் கேஸ் ஒன்றைத் திறந்து, வகையாக எக்கவுண்ட் அன்ட் பில்லிங் என்பதைத் தெரிவு செய்யுங்கள். பில் சம்பந்தமான கேஸுக்குக் காசு கட்டிய சப்போட் திட்டம் தேவையில்லை, இலவசத் திட்டத்திலேயே கேட்கலாம். தொடர்புகொள்ளும் வழியாகச் சாட் (உடனடி உரையாடல்) என்பதும் காட்டும். சிக்னல் விட்டு விட்டு வரும் இடத்தில் இருந்தால் அதை எடுக்காதீர்கள். லைன் அறுந்தால் இன்னொருவரிடம் முதலில் இருந்து சொல்ல வேண்டி வரும். எழுத்து வழியை எடுத்தால் எல்லாம் ஒரே கேஸ் இலக்கத்தின் கீழ் பதிவாகி நிற்கும்.

ஆங்கிலத்தில் எழுத வேண்டும், ஆனால் நீளமாக வேண்டாம். எந்த மாதப் பில், மொத்தம் எவ்வளவு, அதில் எந்த வரிகளைப் பற்றிக் கேட்கிறீர்கள், அந்த வரிகளின் தொகை, சேவரை நிறுத்திய திகதி, நாட் கேட்வே தனியாக ஓடும் என்பது தெரியாமல் இருந்தது, இப்போது எதை எந்தத் திகதியில் அழித்தீர்கள், திரும்ப நடக்காமல் இருக்க என்ன செய்திருக்கிறீர்கள். கடைசியில் கேட்பதைத் தெளிவாகக் கேளுங்கள்: இந்த வரிகளுக்கு ஒரு தடவைச் சலுகையாகக் கழிவு தர முடியுமா என்று. "நீங்கள் ஏமாற்றிவிட்டீர்கள், முழுக் காசும் வேண்டும்" என்று எழுதினால் வாசிப்பவரிடம் தருவதற்கு ஒரு காரணமும் இருக்காது, ஏனென்றால் மீற்றர் பிழையாக ஓடவில்லை. தருவது அவர்களுடைய விருப்பம், உங்கள் உரிமை அல்ல. ஆனாலும் டொலர் ஒன்று 300 ரூபா என்று வைத்தாலே இது 18,480 ரூபா. ஒரு கடிதம் எழுதிப் பார்க்கத் தகுந்த காசுதான்.

கழிவு கிடைத்தால் அது கணக்குக்குக் கிரெடிட்டாக வரலாம், கார்ட்டுக்கும் வரலாம். சேவையை விட்டுப் போகும் எண்ணம் இருந்தால் கார்ட்டுக்கே வேண்டும் என்று முதல் கடிதத்திலேயே எழுதுங்கள். பதில் பிந்தினால் புதுக் கேஸ் திறக்காமல் அதே கேஸிலேயே எழுதுங்கள். இரண்டு கேஸ் இருந்தால் இரண்டு பேர் வாசித்து இரண்டு பதில் சொல்வார்கள்.

"திரும்ப நடக்காமல்" என்பதற்குச் சான்றாக, பட்ஜட் பக்கத்தில் மாதம் 5 டொலருக்கு ஒரு எச்சரிக்கை போட்டு, அதன் படத்தைக் கேஸில் இணையுங்கள். அது மின்னஞ்சல் மட்டும்தான் அனுப்பும், எதையும் நிறுத்தாது. கணக்கு புதுப்பிக்கப்படுவதே பல மணித்தியாலத்துக்கு ஒரு தடவை என்பதால் மின்னஞ்சல் வரும்போது தொகை 5 டொலரைத் தாண்டியும் இருக்கும். கூகிள் கிளவுட்டிலும் பட்ஜட் என்பது எச்சரிக்கைதான், தடை அல்ல.

கேள்வி: வவுனியாப் பல்கலைக்கழகத்தில் படிக்கிறேன். புரொஜெக்ட்டின் புரோகிராம் கோப்பைக் கிட்ஹப்பில் (புரோகிராம்களைப் பகிரும் தளம்) போட்டபோது என் அமேசன் அக்சஸ் கீயும் (புரோகிராம் மூலம் கணக்கை இயக்கும் திறவுகோல்) சேர்ந்து போய்விட்டது. உடனே கோப்பை அழித்தேன். அடுத்த நாள் 1,900 டொலர் காட்டுகிறது. வீட்டில் சொல்லவே பயமாக இருக்கிறது. (மாணவர், பம்பைமடு)

பதில்: தம்பி, வீட்டில் சொல்லுங்கள், ஆனால் அதற்கு முன் இப்போதே இதைச் செய்யுங்கள். கோப்பை அழித்ததால் பயனில்லை. கிட்ஹப் பாவிக்கும் கிட் என்ற மென்பொருள் பழைய பதிப்பை வைத்திருக்கும், கீ அங்கேயே கிடக்கும். பொதுவில் விழும் கீகளைத் தேடுவதற்கென்றே புரோகிராம்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன. கிடைத்ததும் விலை கூடிய ஜிபியூ சேவர்களைத் திறந்து கிரிப்டோ மைனிங் செய்வதுதான் வழக்கம்.

ஐஏஎம் (யூசர்களையும் அனுமதிகளையும் நிர்வகிக்கும்) பக்கத்தில் அந்தக் கீயை முதலில் டிஅக்டிவேற் பண்ணுங்கள். கீயை முடக்கினாலும் அதைக் கொண்டு முன்னரே எடுத்த தற்காலிக அனுமதி இன்னும் சில மணித்தியாலம் உயிரோடு இருக்கலாம். ஆகவே அந்த யூசருக்கே எல்லாவற்றையும் மறுக்கும் பொலிசி (அனுமதி விதி) ஒன்றையும் சேருங்கள். நீங்கள் உருவாக்காத யூசர், ரோல், கீ எது இருந்தாலும் படமெடுத்துவிட்டு அழியுங்கள். ரூட் (கணக்கின் தலைமை யூசர்) பாஸ்வேட்டை மாற்றி, இரண்டாம் கட்டச் சரிபார்ப்பைப் போடுங்கள். பிறகு பிராந்தியம் பிராந்தியமாகப் போங்கள். நீங்கள் ஒருநாளும் தொடாத சாவோ பாவுலோவிலும் பிராங்பேர்ட்டிலும் சேவர் ஓடலாம். தானாகச் சேவர் திறக்கும் ஸ்பொட் ரிக்குவெஸ்ட், ஓட்டோ ஸ்கேலிங் இரண்டையும் முதலில் நீக்காவிட்டால் அழித்த சேவர் திரும்ப முளைக்கும்.

கிளவுட்ரெயில் என்ற பக்கம் கடைசி 90 நாள் நடவடிக்கைகளைக் காட்டும். அந்தக் கீயின் ஐடியால் வடிகட்டினால் எந்த நேரத்தில், எந்த ஐபியில் இருந்து, எதைத் திறந்தார்கள் என்று வரும். நேரம் யூரிசியில் (உலகப் பொது நேரத்தில்) இருக்கும். நம் நேரத்துக்கு ஐந்தரை மணித்தியாலம் கூட்டுங்கள். இதுதான் உங்கள் ஆதாரம். கேஸில் இது அனுமதியற்ற பாவனை என்று எழுதி, கீ வெளியான நேரம், முடக்கிய நேரம், அழித்தவற்றின் பட்டியல் மூன்றையும் கொடுங்கள். கீ வெளியானதைக் கண்டு அவர்களே மின்னஞ்சல் அனுப்பியிருக்கக்கூடும், ஸ்பாம் பெட்டியையும் பாருங்கள். கேஸ் ஏற்கெனவே திறந்திருந்தால் அதிலேயே பதில் எழுதுங்கள். அவர்கள் சொல்லும் பாதுகாப்பு வேலைகளை முடித்து, "முடித்துவிட்டேன்" என்று எழுதும்வரை கழிவு பற்றிய பேச்சு நகராது. உங்கள் கவனயீனத்தை மறைக்க வேண்டாம். கிளவுட்ரெயில் அவர்களுக்கும் தெரியும்.

கேள்வி: டிஜிற்றல் ஓஷன் என்ற கிளவுட் சேவையில் டிரொப்லெற்றை (சேவரை) பவர் ஓஃப் செய்து இரண்டு மாதம். பில் நிற்கவில்லை. (வாசகர், மல்லாவி)

பதில்: அங்கே பவர் ஓஃப் செய்தாலும் முழுக்கட்டணம்தான், டிஸ்க்கும் ஐபியும் உங்களுக்காக ஒதுக்கியபடியே இருக்கும். ஸ்னாப்ஷொட் எடுத்துவிட்டு டெஸ்ட்ரோய் பண்ணினால்தான் நிற்கும். ஸ்னாப்ஷொட்டுக்குச் சிறு கட்டணம் தொடரும். மைக்ரோசொவ்ற் அசூரிலும் விண்டோசுக்குள் இருந்து ஷட்டவுண் செய்தால் மீற்றர் ஓடும். போர்ட்டலில் டிஅலொகேற்றட் (ஒதுக்கீடு விடுவிக்கப்பட்டது) என்று காட்ட வேண்டும்.

கேள்வி: எங்கள் சங்கத்தின் வெப்சைட்டைச் செய்து தந்த பொடியன் வெளிநாடு போய்விட்டார். கிளவுட் கணக்கு அவருடைய மின்னஞ்சலில், கார்ட் எங்களுடையது. மாதாமாதம் கூடிக்கொண்டே போகிறது. கொம்பனிக்கு எழுதினால் ஒரே தானியங்கிப் பதில். வங்கியில் முறையிடலாமா? (செயலாளர், ஒட்டுசுட்டான்)

பதில்: கொம்பனி கணக்கு உரியவரோடு மட்டும்தான் பேசும், நீங்கள் காசு கட்டினாலும். அதனால்தான் அந்தப் பதில். அவரோடு தொடர்பு இருந்தால் அரை மணித்தியால வட்ஸ்அப் அழைப்பில் முடியும் வேலை: உரியவர் மின்னஞ்சலைச் சங்கத்தின் மின்னஞ்சலுக்கு மாற்றுவது, அவருடைய போனில் இருக்கும் இரண்டாம் கட்டச் சரிபார்ப்பை உங்கள் போனுக்கு எடுப்பது, டொமைனையும் அப்படியே மாற்றுவது. இந்த மூன்றும் ஒரே அழைப்பில் முடிய வேண்டும். பாஸ்வேட்டை மட்டும் வாங்கினால் உள்ளே போக முடியாது.

வங்கியிடம் "இது நான் செய்யாத கொடுக்கல் வாங்கல்" என்று எழுத வேண்டாம். கார்ட்டைக் கொடுத்தது நீங்கள், அது உண்மையில்லை. வங்கி மூலம் காசைத் திருப்பி எடுத்தால் கொம்பனி கணக்கை முடக்கும், வெப்சைட்டும் தரவும் அதோடு போகலாம். கணக்கை மூடிய பிறகும் புதிதாகப் பாவித்ததாக வெட்டினால், ஒரே பில்லுக்கு இரண்டு தடவை வெட்டினால், அப்போது வங்கிக்குப் போங்கள். வங்கி தீர்க்காவிட்டால் மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் உறவுகள் திணைக்களத்துக்கு எழுதலாம். வங்கிக்கு எழுத்தில் கொடுத்த முறைப்பாட்டின் பிரதி தேவைப்படும். டொலரில் திரும்பும் காசு அன்றைய மாற்று வீதத்தில் வருவதால் ரூபாக் கணக்கு ஒத்து வராது, அதைக் கொம்பனியிடம் கேட்டுப் பயனில்லை.

அவரைப் பிடிக்கவே முடியாவிட்டால், தொடர்ந்து வெட்டுவதை நிறுத்தும்படி வங்கிக்கு எழுதுங்கள். அதற்கு முன் வெப்சைட்டில் உள்ள அங்கத்தவர் விபரம், படங்கள் எல்லாவற்றையும் இறக்கி வையுங்கள், ஏனென்றால் பில் கட்டாத கணக்கு சில வாரங்களில் முடங்கும். கொம்பனியின் லொகின் தேவைப்படாத தொடர்புப் படிவத்திலும் ஒன்று எழுதுங்கள். வெட்டுப்பட்ட திகதி, சரியான தொகை, கார்ட்டின் கடைசி நான்கு இலக்கம் ஆகிய மூன்றையும் கொடுத்தால் எந்தக் கணக்கு என்று அவர்களால் தேட முடியும். கார்ட்டின் முழு இலக்கத்தையோ பின்பக்க மூன்று இலக்கத்தையோ எந்தப் படிவத்திலும் எழுத வேண்டாம்.